கேள்வி-பதில்: சாயங்காலம் ஏழு மணிக்குத் திறக்கிற சேனல்

கேள்வி: 2010-ல நம்ம மலை ரயிலப் பத்தி பிபிசி ஃபோர்ல ஒரு டாக்குமெண்டரி வந்துச்சுன்னு அப்பா இன்னமும் சொல்லிட்டே இருக்காரு. அது என்ன சேனல் சார், அதுல என்னதான் போடுவாங்க?
- கல்லூரி மாணவி, குன்னூர்

பதில்: அப்பா சொல்றது சரிதாம்மா. அந்த வருஷம் பிப்ரவரில டார்ஜிலிங், நீலகிரி, கால்கா-சிம்லான்னு மூணு பாகமா வந்துச்சு. மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டி வரைக்கும் 46 கிலோமீட்டர், கல்லாறு தாண்டுனதும் நடுவுல இருக்குற பல் தண்டவாளத்தப் பல்சக்கரத்தால புடிச்சுக்கிட்டு இன்ஜின் பின்னாடி நின்னு பெட்டிங்கள மேல தள்ளும், இதெல்லாம் உனக்கே தெரியும். எனக்குப் புடிச்சது என்னன்னா, வெறும் தேயிலத் தோட்டத்தையும் பனியையும் காட்டிட்டுப் போகாம அந்த லைன்ல வேல பாக்குறவங்களயும் அவங்க குடும்பத்தையும் நடுவுல வச்சு கதையச் சொன்னாங்க, நம்ம ஊர் ரயிலப் பத்தி எத்தனையோ பாத்திருக்கோம், எல்லாத்துலயும் டூரிஸ்ட் முகம்தானே தெரியும்?

பிபிசி ஃபோர்ங்கிறது பிரிட்டன்ல பிபிசி நடத்துற ஒரு டிவி சேனல், 2002 மார்ச் 2-ல ஆரம்பிச்சது. பகல்ல அந்த அலைவரிசைல குழந்தைங்க சேனல் ஓடும், அதனால இது சாயங்காலம் ஏழு மணிக்கு மேலதான். அந்த 2010 ஜனவரில இயற்பியல் பேராசிரியர் ஜிம் அல்-கலீலி வேதியியலோட வரலாற மூணு பாகமா சொன்னாரு, ஸ்கூல்ல மனப்பாடம் பண்ண தனிம அட்டவணைக்குப் பின்னாடி இவ்வளவு சண்டையும் பிடிவாதமும் இருந்துச்சான்னு ஆச்சரியமா இருக்கும். கோடையில லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால்ல நடக்குற இசைக் கச்சேரிங்க. செப்டம்பர்ல வந்த நாடகம்தான் எனக்கு ரொம்ப முக்கியம், ஐடிவிங்கிற இன்னொரு பிரிட்டன் சேனல்ல 1960-ல ஆரம்பிச்ச 'கோரனேஷன் ஸ்ட்ரீட்' சீரியல் எப்படிப் பொறந்துச்சுங்கிற கதை. போட்டி சேனலோட சீரியலுக்கு 50 வயசாகப் போகுதுன்னு இவங்க நாடகம் போடுறாங்க பாருங்க, அந்தப் பெருந்தன்மை பெரிய விஷயம். மறு வருஷம் அதுக்கு பிரிட்டனோட பெரிய டிவி விருதான பாஃப்டாவும் கெடச்சுது.

கேள்வி: விளம்பரமே இல்லாம எப்படி சார் கட்டுப்படியாகுது?
- வாசகர், திருச்சி

பதில்: பிரிட்டன்ல டிவி பாக்குற ஒவ்வொரு வீடும் லைசென்ஸ் கட்டணம் கட்டணும், பிபிசி ஓடுறது அந்தப் பணத்துலதான், 2010-ல அது வருஷத்துக்கு 145.50 பவுண்ட். விளம்பரம் இல்லாததால ராத்திரி ஒரு மணி நேரம் ஓவியத்தப் பத்தியே பேச முடியுது.

கேள்வி: இப்ப அந்த மாதிரி புது நாடகம் வர்றதில்லயே, ஏன்?
- வாசகர், லண்டன்

பதில்: வருத்தமான கதைங்க. அதே 2010 அக்டோபர்ல அந்தக் கட்டணத்த ஏத்தக் கூடாதுன்னு அரசாங்கம் ஆறு வருஷத்துக்கு நிறுத்தி வச்சுடுச்சு, வெலவாசி மட்டும் ஏறிக்கிட்டே போச்சு, கடைசில செலவக் குறைக்கணும்னு வந்தப்ப கை வச்சது இந்தச் சின்ன சேனல்ல. 2013-ல சினிமா நட்சத்திரங்க ரிச்சர்ட் பர்ட்டன், எலிசபெத் டெய்லர் பத்தி ஒரு நாடகம் போட்டாங்க, சொந்த நாடகத்துக்கு அதோட முற்றுப்புள்ளி. 2021-ல பெரும்பாலும் பழைய நிகழ்ச்சிங்களயே போடுற சேனலா மாத்தப்போறோம்னு அறிவிச்சாங்க. பாக்குற கூட்டம் கம்மின்னு கணக்குப் பாத்துட்டாங்க, அந்தக் கணக்கு தப்புன்னுதான் நான் இப்பவும் சொல்வேன்.