ஆறாம் வகுப்புக்கு அரசுப் பள்ளிக்கு மாற்றலாமா?

கேள்வி: எங்கள் மகள் தனியார் மெட்ரிக் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். மகன் ஒன்றாம் வகுப்பு. இரண்டு பேருக்கும் கட்டணம் கட்டி மாளவில்லை. காலை உணவு, ஸ்மார்ட் வகுப்பறை, எண்ணும் எழுத்தும் என்று அரசுப் பள்ளிகளுக்கு நிறையத் திட்டங்கள் வந்துவிட்டன என்கிறார்கள். ஆனால் எங்கள் ஊர்ப் பள்ளியை எதை வைத்து நம்புவது? மகளை இப்போதே மாற்ற வேண்டுமா, எட்டாம் வகுப்பு முடியட்டும் என்று காத்திருக்கலாமா? — ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குத்தான் கெடு இருக்கிறது. மாற்றுவதாக முடிவு செய்தால் ஆறாம் வகுப்பிலேயே மாற்றிவிடுங்கள், காத்திருக்க வேண்டாம்.

காரணம் இதுதான். அரசுப் பள்ளி மாணவர்கள் மருத்துவக் கல்லூரிகளில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே சேர்ந்துகொண்டிருந்த நிலையில், நீதிபதி கலையரசன் ஆணையத்தின் பரிந்துரைக்குப் பிறகு 2020இல் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. முதல் ஆண்டிலேயே முந்நூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் தனிச் சட்டம் வந்தது. இரண்டிலும் நிபந்தனை ஒன்றுதான்: ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் போய்ச் சேர்ந்தால்கூட அந்தக் கதவு மூடிவிடும். (கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வருபவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. நீங்கள் கட்டணம் கட்டிப் படிக்க வைப்பதால் அது உங்களுக்குப் பொருந்தாது.)

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. அரசு உதவிபெறும் பள்ளி வேறு, அரசுப் பள்ளி வேறு. மாநகராட்சி, நகராட்சிப் பள்ளிகளும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் 7.5 கணக்கில் சேரும், உதவிபெறும் பள்ளி சேராது. கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் ரூ.1,000 தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் அரசுப் பள்ளி மாணவிகளுக்காகத் தொடங்கி, பின்னர் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிந்தது. 7.5 அப்படி விரியவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். திட்டம் அரசாணையில் வருவது, இன்னொரு அரசாணையில் மாறலாம். ஒதுக்கீடு சட்டம். நீண்ட காலக் கணக்குப் போடும்போது சட்டத்தை நம்பிப் போடுங்கள்.

சரி, எந்தப் பள்ளி? மாநிலம் முழுவதற்குமான சீர்திருத்தம் எல்லாப் பள்ளிக்கும் ஒரே மாதிரி போய்ச் சேர்வதில்லை. உணவும் பாடநூலும் சீருடையும் பெரும்பாலும் சேர்ந்துவிடுகின்றன. ஆசிரியர்தான் சேராமல் போவார். ஆகவே ஸ்மார்ட் போர்டைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். தலைமையாசிரியரிடம் நேரே போய், ஆறு முதல் எட்டு வரைக்கும் கணக்குக்கும் அறிவியலுக்கும் பட்டதாரி ஆசிரியர் இருக்கிறாரா, ஆங்கிலத்துக்கு யார் வருகிறார் என்று கேளுங்கள். கல்வி உரிமைச் சட்டம் இந்த வகுப்புகளில் 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பதோடு நிற்கவில்லை. அறிவியல்–கணக்கு, சமூக அறிவியல், மொழி என ஒவ்வொன்றுக்கும் தனி ஆசிரியரும் வேண்டும் என்கிறது. "போஸ்ட் இருக்கிறது, ஆள் வரவில்லை" என்று பதில் வந்தால், எத்தனை மாதமாக என்று கேளுங்கள். ஆசிரியர்களுக்கான பொது மாறுதல் கலந்தாய்வு முடிந்த பிறகு இன்னொரு முறை விசாரியுங்கள். மார்ச்சில் இருந்த ஆசிரியர் பள்ளி திறக்கும்போது வேறு ஊரில் இருக்கலாம்.

நீங்கள் ஆங்கில வழியிலிருந்து வருவதால் இதையும் கவனியுங்கள். 2012–13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாகத் தொடங்கப்பட்டன. பல இடங்களில் தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டுக்கும் ஒரே ஆசிரியர்தான். சில பள்ளிகளில் இரண்டு பிரிவும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும். பெயர்ப்பலகையை விட்டுவிட்டு, ஏழாம் வகுப்புப் பிள்ளையின் அறிவியல் நோட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். தேதி விட்டுவிட்டு வந்திருந்தாலோ திருத்தாமல் கிடந்தாலோ அங்கே பாடம் எப்படி நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். கழிப்பறையையும் பாருங்கள். மாதவிலக்கு தொடங்கும் வயதை நெருங்கும் பெண் குழந்தைக்கு, தண்ணீர் வரும், தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை இல்லையென்றால் மாதத்தில் சில நாள் வகுப்பே போய்விடும்.

ஊரில் இருப்பது நடுநிலைப் பள்ளி என்றால் எட்டோடு முடிந்துவிடும். பேருந்து வசதி இருந்தால், மேல்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலேயே சேர்ப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. அரசுப் பேருந்துக்கு இலவசப் பயண அட்டை உண்டு. ஆனால் வழி பாதுகாப்பில்லாதது என்றால் பக்கத்துப் பள்ளியே போதும்.

மகன் விஷயத்தில் அவசரம் இல்லை. ஆனால் மாற்றத் தயக்கமும் தேவையில்லை. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. ஒன்று முதல் ஐந்து வரை மட்டும் என்பதால் மகனுக்குக் கிடைக்கும், மகளுக்குக் கிடைக்காது. அவளுக்கு முட்டையோடு மதிய உணவு உண்டு. கற்பித்தலில் பெரிய மாற்றம் எண்ணும் எழுத்தும். கொரோனாவில் விட்டுப்போன எழுத்தையும் கணக்கையும் மீட்க 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கி, அடுத்த ஆண்டே நான்கு, ஐந்துக்கும் கொண்டுபோனார்கள். அதில் பிள்ளைகளை வகுப்பை வைத்துப் பார்ப்பதில்லை. படிக்கும் நிலையை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். மெட்ரிக் பள்ளியிலிருந்து வரும் பெற்றோருக்குப் பாட்டும் அட்டையுமாக நடக்கும் வகுப்பு விளையாட்டாகத் தோன்றும், வீட்டுப்பாடம் இல்லையே என்று பதறுவார்கள். பதற வேண்டாம். "என் பையன் இப்போது எந்த நிலையில் இருக்கிறான், மூன்று மாதத்தில் எங்கே வர வேண்டும்?" என்று ஆசிரியரைக் கேளுங்கள். அவர் யோசிக்காமல் பதில் சொன்னால் நல்ல பள்ளி. ஒரே கவலை ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புக்கும் இரண்டே பேர், அதில் ஒருவர் தலைமையாசிரியர். பதிவேடு, எமிஸ் (மாணவர் விவரங்களை வைத்திருக்கும் கல்வித் துறையின் இணையத் தளம்) பதிவு, கூட்டம் என்று அவர் வெளியே போகும் நாளில் ஒருவர்தான் மொத்தப் பள்ளிக்கும். எந்தத் திட்டமும் இதை ஈடுகட்டாது. அப்படிப்பட்ட பள்ளி என்றால், மகனுக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளியையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சேர்த்த பிறகு குறை தெரிந்தால் என்ன செய்வது என்ற பயமும் உங்களுக்கு இருக்கும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். தமிழ்நாட்டில் 2022இல் எல்லா அரசுப் பள்ளிகளிலும் அதைப் புதிதாக அமைத்தார்கள், 2024இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து மறுபடி அமைத்தார்கள். தலைவர் பெற்றோரில் ஒருவர்தான். 2022இல் காலிப் பணியிடங்களுக்குத் தற்காலிக ஆசிரியரை நியமிக்கும் பொறுப்பையே அரசு இந்தக் குழுக்களிடம் கொடுத்தது. ஆசிரியர் இல்லை, கழிப்பறை சரியில்லை என்று வாய்ப்பேச்சாகச் சொன்னால் காற்றோடு போகும். கூட்டத்தில் தீர்மானமாக எழுதி, கையெழுத்து வாங்கி, கல்வித் துறை அலுவலருக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

அப்புறம் மாற்றுச் சான்றிதழ். கட்டணப் பாக்கியைக் காட்டிப் பழைய பள்ளி டி.சி. தர இழுத்தடித்தால் அதற்காகச் சேர்க்கையை நிறுத்தி வைக்காதீர்கள். எட்டாம் வகுப்பு வரை, டி.சி. தாமதமாவதைக் காரணம் காட்டி எந்த அரசுப் பள்ளியும் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ முடியாது, கல்வி உரிமைச் சட்டம் 5ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் எமிஸில் பிள்ளைக்கு உள்ள எண்ணைப் பழைய பள்ளி விடுவித்து, புதிய பள்ளி எடுத்துக்கொள்ளும்படி பொதுத் தொகுப்புக்கு மாற்ற வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் பிள்ளையின் பெயர் இன்னும் அங்கேதான் இருக்கும். பிற்பாடு ஆறாம் வகுப்பை அரசுப் பள்ளியில் படித்தாள் என்று நிரூபிக்க நீங்கள் அலைய வேண்டிவரும். சேர்ந்த முதல் மாதத்திலேயே எமிஸில் மகளின் பெயர் புதிய பள்ளிக்கு வந்துவிட்டதா என்று தலைமையாசிரியரிடம் காட்டச் சொல்லிக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.