தாத்தாவின் மாத்திரை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கின்போது ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிய பதினைந்து வயது ரஷ்ய ஸ்கேட்டிங் வீராங்கனை கமிலா வலியேவாவைப் பற்றிச் சென்ற வாரம் எழுதிய குறிப்பில், 'ஒரு குழந்தையைப் பனித்தளத்தின் நடுவில் நிறுத்தி உலகமே கல்லெறிந்தது' என்று சொல்லியிருந்தீர்கள். எனக்கு அது ஒப்பவில்லை.

என் அப்பா இருதய நோயாளி. உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு அவருடைய மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். ட்ரைமெட்டாசிடின். வலியேவாவின் உடலில் கண்டுபிடித்தார்களே, அதே மருந்து. எத்தனையோ வருடங்களாக எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியில் இருக்கிறது. இதுவரை யாருடைய டம்ளருக்குள்ளும் அது தானாகப் போய் விழுந்ததில்லை. வலியேவாவின் தாத்தா சாப்பிடும் மருந்து தவறிக் கலந்துவிட்டது என்ற கதையை எப்படி நம்புகிறீர்கள்?

அமெரிக்க ஓட்டப்பந்தய வீராங்கனை ஷகாரி ரிச்சர்ட்சன் கஞ்சா புகைத்ததற்காக டோக்கியோ ஒலிம்பிக் வாய்ப்பையே இழந்தார். அவருக்காக யாரும் இப்படி உருகவில்லை. வலியேவா மட்டும் ஏன் குழந்தை? வெள்ளைத் தோலும் மெலிந்த உடலும்தான் காரணமா? விதி என்றால் எல்லோருக்கும் விதிதானே?

என் மகளுக்குப் பதின்மூன்று வயது. மாவட்ட அளவில் நானூறு மீட்டர் ஓடுகிறாள். காலை ஐந்து மணிக்கு மைதானத்தில் நிற்கிறாள். (அவளுடைய பயிற்சியாளர் ஏதோ சத்துமாவு தருகிறார், பாலில் கலந்து குடிக்கிறாள். அதுகூட இல்லாமல் உடம்பு எப்படித் தாங்கும்?) நேர்மையாக உழைத்து இரண்டாவதாக வருகிற பிள்ளைகளுக்கு உங்கள் பதில் என்ன?

கோமதி
திருநெல்வேலி

அன்புள்ள கோமதி,

'கல்லெறிந்தது' என்று எழுதியது மிகைதான். ஒப்புக்கொள்கிறேன். கல்லெறிந்தவர்களைவிட வேடிக்கை பார்த்தவர்களே அதிகம். அவர்களில் நானும் ஒருவன். 2022 பிப்ரவரி 17 அன்று பெய்ஜிங்கில் அந்தப் பெண் ஆடிய நான்கு நிமிடங்களை ஒருமுறை பார்த்தால் போதும். நான் மூன்று முறை பார்த்தேன். ஏன் என்று கேட்டால் என்னிடம் கௌரவமான பதில் இல்லை.

முதலில் மருந்து. தாத்தா கதையை நான் நம்புவதாக எங்கும் எழுதவில்லை. 2022இல் அவள் தரப்பு சொன்னது, தாத்தா மாத்திரை போட்டுக் குடித்த டம்ளரில் அவளும் குடித்திருக்கலாம் என்பது. பிறகு விசாரணையில், தாத்தா மாத்திரையைப் பொடித்த பலகையிலேயே ஸ்ட்ராபெரி இனிப்பும் தயாரானது என்றார்கள். வழக்கை விசாரித்த நடுவர்கள் ஏற்கவில்லை. ஏற்கும்படி எந்த நிரூபணமும் இல்லை. ஆனால் இதைக் கவனியுங்கள். அவள் பொய் சொன்னாள் என்றோ, தெரிந்தே விழுங்கினாள் என்றோ அவர்கள் தீர்ப்பளிக்கவில்லை. மருந்து எப்படி உடலுக்குள் வந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு அவளுடையது, அவளால் முடியவில்லை, அவ்வளவுதான். ஊக்கமருந்துச் சட்டத்தின் அடிப்படையே அது. உடலுக்குள் என்ன இருந்தாலும் உடலுக்கு உரியவரே பொறுப்பு.

உங்கள் அப்பாவின் மாத்திரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நெஞ்சுவலிக்காரர்களின் இதயம் குறைந்த பிராணவாயுவைக் கொண்டு வேலையை ஓட்டிக்கொள்ள உதவும் மருந்து அது. கொழுப்பை எரிப்பதற்குப் பதிலாகச் சர்க்கரையை எரிக்கச் செய்கிறது. 2014 முதல் விளையாட்டில் தடை. நடுக்கம், நடையில் தள்ளாட்டம் போன்ற பக்க விளைவுகள் சிலருக்கு வரக்கூடும் என்பதால் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012இல் அதன் பயன்பாட்டைக் குறைக்கச் சொன்னது. (இதைப் படித்துவிட்டு அப்பாவின் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் மருத்துவரைக் கேளுங்கள்.) ஏறக்குறைய நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்பின் மேல் நின்று, காற்றில் நான்கு சுற்றுச் சுற்றி இறங்குகிற பதினைந்து வயதுப் பெண்ணின் உடலில் அந்த மருந்துக்கு என்ன வேலை? இந்தக் கேள்வியை அவளிடம் கேட்டுப் பயனில்லை. 13 வயதிலிருந்து 15 வயதுக்குள் அவளுக்கு 56 வகை மருந்துகளும் ஊட்டச்சத்துப் பொருட்களும் தரப்பட்டன என்று வழக்கின் ஆவணங்களிலிருந்து 2024இல் செய்தி வந்தது. பெரும்பாலானவை தடைசெய்யப்படாதவைதான். இருக்கட்டும். 56! ஒரு சிறுமி அந்த வயதில் தானாகத் தேடிப் பிடித்து விழுங்கும் எண்ணிக்கையா அது?

'விதி எல்லோருக்கும் விதிதானே' என்கிறீர்கள். ஆமாம். அந்த விதியின்படி அவள் பெய்ஜிங்கில் தனிநபர் போட்டியில் ஆடியிருக்கவே கூடாது. இதில் நமக்குள் சண்டையே இல்லை. என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது.

2021 டிசம்பர் 25 அன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ரஷ்ய தேசியப் போட்டியின்போது அவளிடம் சிறுநீர் மாதிரி எடுக்கப்பட்டது. அது ஸ்டாக்ஹோம் ஆய்வகத்துக்குப் போனது. ஒலிம்பிக்குக்குப் போகவிருக்கும் வீராங்கனையின் மாதிரி, சீக்கிரம் பாருங்கள் என்று அனுப்பியவர்கள் குறிக்கவில்லை. ஆய்வகத்திலோ கொரோனாவால் ஆள் பற்றாக்குறை. மாதிரி அங்கே கிடந்த நாட்களில் அவள் டாலினில் ஐரோப்பிய சாம்பியன் ஆனாள். பெய்ஜிங் போனாள். பிப்ரவரி 7 அன்று ஒலிம்பிக்கில் நான்கு சுழற்சித் தாவலைச் செய்துகாட்டிய முதல் பெண் ஆனாள். ரஷ்ய அணி குழுப் போட்டியில் முதலிடம் பெற்றது. மறுநாள் சிறுநீர்ச் சோதனையின் முடிவு வந்தது: ட்ரைமெட்டாசிடின். ரஷ்ய ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு அவளை இடைநீக்கம் செய்தது, அடுத்த நாளே அதன் ஒழுங்குக் குழு நீக்கத்தை ரத்துசெய்தது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை, சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் மூன்றும் முறையிட்டன. பிப்ரவரி 14 அன்று விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றம் ஆடலாம் என்றது. பதினாறு வயது நிரம்பாதவள், சட்டப்படி பாதுகாக்கப்பட வேண்டியவள்; சோதனை முடிவு தாமதமானது அவள் குற்றமல்ல; தடுத்தால் ஈடுசெய்ய முடியாத தீங்கு நேரும் என்று காரணங்கள் சொன்னார்கள்.

ஈடுசெய்ய முடியாத தீங்கு என்றால் என்னவென்று மூன்று நாள் கழித்து உலகம் முழுவதும் நேரலையில் பார்த்தது.

ஆடலாம், ஆனால் அவள் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் பதக்க விழாவே கிடையாது என்று ஒலிம்பிக் கமிட்டி அறிவித்தது. இறுதிச் சுற்றில் 24 பேருக்குப் பதிலாக 25 பேரை ஆடவிட்டார்கள். அதாவது இருபத்தைந்து பேரில் ஒருத்தி கணக்கில் வராதவள் என்று முன்பே முடிவுசெய்துவிட்டு, அவளையே கடைசியாக, எல்லாக் கேமராக்களுக்கும் முன்னால் ஆடவைத்தார்கள். இரண்டு சுற்றில் முதலாவதான குறும்போட்டியில் முதலிடத்தில் இருந்தவள் அவள். பத்து நாள் முன்பு குழுப் போட்டியில், இதே இறுதிச் சுற்றான நீள்போட்டியில் 178.92 புள்ளி எடுத்தவள், அன்று விழுந்து, எழுந்து, தடுமாறி, மறுபடி விழுந்து 141.93 எடுத்தாள். நான்காம் இடம். பனித்தளத்தைவிட்டு வெளியே வந்தவளிடம் பயிற்சியாளர் எதேரி துத்பெரித்ஸே முதலில் கேட்டது, ஏன் விட்டுவிட்டாய், ஏன் போராடுவதை நிறுத்தினாய் என்று. ஒலிவாங்கியில் அது பதிவானது. மறுநாள் ஒலிம்பிக் கமிட்டியின் அப்போதைய தலைவர் தாமஸ் பாக், அவளைச் சுற்றி இருந்தவர்களின் குளிர்ந்த நடத்தையைப் பார்த்து உடல் சில்லிட்டது என்றார். முறையீடு செய்தோம், தோற்றோம் என்று ஒலிம்பிக் கமிட்டியினர் சொல்லலாம். தோற்ற பிறகு 25ஆவது நாற்காலியைப் போட்டது யார்?

உங்களைப் போலவே கோபப்பட்டவர்களில் தென்கொரியாவின் கிம் யுனா உண்டு. 2010 ஒலிம்பிக் தங்கம் வென்றவர், அதிகம் பேசாதவர். கறுப்புப் படம் ஒன்றைப் போட்டு, ஊக்கமருந்து விதியை மீறியவர் போட்டியிட முடியாது, இதில் விதிவிலக்கு இல்லை, எல்லா வீரர்களின் உழைப்பும் கனவும் சமமாக மதிப்புள்ளவை என்ற பொருளில் எழுதினார். அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க மாட்டேன். அதைக் கொண்டாடிப் பகிர்ந்த கூட்டம் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னவற்றை இங்கே எழுதக் கூசுகிறது. இன்னொரு பக்கம் ரஷ்யாவில் கண்ணீரும் பூவும். அவளுடைய 16ஆவது பிறந்தநாளன்று கிரெம்ளினில் நடந்த பாராட்டு விழாவில், இப்படிப்பட்ட நிறைவை மருந்தால் எட்ட முடியாது என்று புதின் பேசினார். யுக்ரேன் போர் தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. திட்டியவர்களுக்கும் தலையில் தூக்கிவைத்துக்கொண்டவர்களுக்கும் அவள் ஒரு கொடி. கொடிக்கு வயது கேட்பவர் உண்டா?

ஷகாரி ரிச்சர்ட்சன் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்வியை அவரே அப்போது கேட்டார், தோலின் நிறத்தைச் சுட்டிக்காட்டியே கேட்டார். சட்டப்படி இரண்டும் வேறு. அவருக்கு 21 வயது. முடிவு சில நாட்களில் வந்தது, மறுக்காமல் ஏற்றுக்கொண்டார். ஆனால் நீங்கள் கேட்பது சட்டத்தைப் பற்றி அல்ல, யாரைப் பார்த்தால் நமக்கு நெஞ்சு இளகுகிறது என்பதைப் பற்றி. அதில் நீங்கள் சொல்வது சரி. தாயை இழந்த துக்கத்தில் புகைத்தேன் என்றார் அந்தப் பெண். அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கவில்லை. வலியேவா முகத்தைக் கைகளால் மூடியபோது கலங்கியது. இது நியாயம் என்று வாதாட வரவில்லை.

இரண்டாவதாக வந்த பிள்ளைகள். அன்று இரண்டாவதாக வந்தவள் அலெக்சாந்திரா துருசோவா, 17 வயது, அதே பயிற்சியாளரின் மாணவி. ஒரே ஆட்டத்தில் ஐந்து நான்கு சுழற்சித் தாவல்கள். எல்லோரிடமும் தங்கம் இருக்கிறது, என்னிடம் மட்டும் இல்லை, இனி ஸ்கேட்டிங்கே வேண்டாம் என்று கதறினாள். தங்கம் வென்ற அன்னா ஷெர்பகோவா, அவளும் அதே பள்ளி, தன்னை வாழ்த்தக்கூட யாருமில்லாமல் பொம்மையை அணைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். நேர்மையாக உழைத்தவர்களுக்கு என்ன பதில் என்கிறீர்கள். குழுப் போட்டியில் இரண்டாமிடம் பெற்ற அமெரிக்கர்களுக்கும் மூன்றாமிடம் பெற்ற ஜப்பானியர்களுக்கும் பெய்ஜிங்கில் பதக்க விழாவே நடக்கவில்லை. 2024 ஆகஸ்ட் 7 அன்று பாரிஸில், கோடை ஒலிம்பிக்கின் நடுவே, ஈஃபில் கோபுரத்துக்கு எதிரே நிறுத்தி, அமெரிக்கர்களுக்குத் தங்கமும் ஜப்பானியர்களுக்கு வெள்ளியும் கொடுத்தார்கள். இரண்டரை வருடம்.

நடுவர் நீதிமன்றத்தின் 2024 ஜனவரி 29 தீர்ப்புதான் அதற்கு வழிவிட்டது. 2021 டிசம்பர் 25 முதல் நான்கு வருடத் தடை, முடிவுகள் ரத்து. அந்தத் தீர்ப்பில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. இந்த நிலையில் அவளை வயதுவந்தவரிலிருந்து வேறாக நடத்த விதிகளில் இடமில்லை என்றார்கள். ஆடவிடும்போது சிறுமி, தண்டிக்கும்போது பெரியவள். பதக்கம் போகட்டும், போகத்தான் வேண்டும். ஆனால் சிறார் சிக்கினால் சுற்றியுள்ள பெரியவர்களை விசாரித்தே ஆகவேண்டும் என்பதும் அதே விதிப்புத்தகத்தில்தான் இருக்கிறது. இந்த வழக்கில் மருந்துக்காகத் தண்டிக்கப்பட்ட பயிற்சியாளர் இல்லை, மருத்துவர் இல்லை.

இது இப்படித்தான் நடந்தாக வேண்டும் என்பதும் இல்லை. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ருமேனியாவின் ஆந்திரியா ரதுக்கான் என்ற 16 வயது ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை, சளிக்கு அணி மருத்துவர் கொடுத்த மாத்திரையால் தங்கத்தை இழந்தாள். அவள் அதனால் ஒரு பலனும் பெறவில்லை என்று சொல்லிக்கொண்டேதான் பறித்தார்கள். ஆனால் அந்த மருத்துவரை ஒலிம்பிக்கிலிருந்து வெளியேற்றி, அடுத்த ஒலிம்பிக் வரை தடைசெய்தார்கள். அவளுக்குத் தடைக்காலம் எதுவும் இல்லை. அதே ஆண்டு பெர்லின் நீதிமன்றம், கிழக்கு ஜெர்மனியின் சிறுமிகளுக்கு வைட்டமின் என்று சொல்லி ஹார்மோன் மாத்திரை கொடுத்த திட்டத்தின் தலைகளான மான்ஃபிரெட் எவால்டையும் மான்ஃபிரெட் ஹோப்னரையும் குற்றவாளிகள் என்றது. சிறைக்குப் போகவில்லை, தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. ஆனாலும் கூண்டில் நின்றவர்கள் பெரியவர்கள்.

பெய்ஜிங்குக்குப் பிறகு நடந்த உருப்படியான காரியம், சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் பெரியோர் பிரிவுக்கான குறைந்தபட்ச வயதை 15இலிருந்து 17ஆக உயர்த்தியது. பருவமெய்தும் முன் இருக்கும் இலேசான உடலை நம்பிச் சாம்பியன்களை உற்பத்தி செய்த பள்ளிகளுக்கு அது கொஞ்சம் இடைஞ்சல். வலியேவாவின் தடை 2025 டிசம்பரில் முடிந்தது. அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. இந்தக் கடிதம் முழுக்க 'அவள்' என்று எழுதியது, அந்த நான்கு நிமிடங்களில் இருந்தவளை நினைத்து.

கோமதி, உங்கள் கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி இருக்கிறது. மற்ற எல்லாவற்றையும்விட அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். 'ஏதோ சத்துமாவு.' வெறும் சத்துமாவாகவே இருக்கலாம், உங்கள் பாட்டி வறுத்து அரைத்ததைப் போல. அந்தப் பயிற்சியாளரை எனக்குத் தெரியாது, சந்தேகப்படவும் காரணமில்லை. ஆனால் அப்பாவின் அட்டையைத் திருப்பிப் பார்த்தீர்களே, இதையும் திருப்பிப் பாருங்கள். டப்பாவைக் கேட்டு வாங்குங்கள். பெயர், தயாரிப்பாளர், தொகுதி எண், உள்ளடக்கம் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பொட்டலத்தில் பிரித்துத்தான் தருவேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். எல்லாப் பிள்ளைகளும் குடிக்கிறார்கள் என்று பதில் வந்தால் மற்றப் பெற்றோரையும் கூப்பிட்டுப் பேசுங்கள். அவள் மாநில அளவுக்கு ஓடி, என்றாவது ஒருநாள் சோதனைக் குப்பியில் சிறுநீர் கொடுக்க நேரும்போது, மாவு கொடுத்தவர் பெயரை அந்தக் குப்பியில் எழுத மாட்டார்கள்.

டப்பாவில் இருக்கும் எழுத்துகள் புரியாவிட்டால் படத்தை எனக்கு அனுப்புங்கள். விளையாட்டு மருத்துவர் ஒருவரிடம் கேட்டுச் சொல்கிறேன்.