மூன்று பாகம் மாற்றியும் முள் இறங்கவில்லை: கார் சூடேறுவது பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: எட்டு வருடம் ஓடிய பெட்ரோல் கார். மூன்று மாதமாக எஞ்சின் சூடேறுகிறது. ஒர்க்‌ஷாப்பில் முதலில் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் கூலன்ட் என்னும் குளிர்விக்கும் திரவத்துக்கு வழி திறக்கும் வால்வு) மாற்றினார்கள். பத்து நாள் சரியாக இருந்த மாதிரி தெரிந்தது, பிறகு பழைய கதை. அடுத்து ரேடியேட்டரையே புதிதாகப் போட்டார்கள். அதற்கடுத்து வாட்டர் பம்ப். இன்றைக்கும் நெரிசலில் பத்து நிமிடம் நின்றால் முள் ஏறுகிறது. வண்டி வேகமெடுத்தால் தானாக இறங்கிவிடுகிறது. இப்போது "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், எஞ்சினைப் பிரித்துப் பார்த்துவிடலாம்" என்கிறார்கள். பிரிக்கச் சொல்லலாமா, இல்லை வந்த விலைக்கு விற்றுவிடலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். பாதிப் பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. நின்றால் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது. ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். நிற்கும்போது காற்றை இழுத்துத் தர வேண்டியது ஃபேன். இத்தனை பாகம் மாற்றியவர்களில் யாராவது ஒருவர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஃபேன் சுற்றுகிறதா என்று நின்று பார்த்தாரா? நீங்கள் எழுதியதில் அந்தப் பேச்சே இல்லை.

நீங்களே பார்க்கலாம். எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஏசி போட்ட கொஞ்ச நேரத்தில் ஃபேன் சுற்றத் தொடங்கிவிடும். சுற்றவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே (ஃபேனுக்குக் கரண்ட் விடும் தானியங்கி ஸ்விட்ச்), வயர் இணைப்பு, மோட்டார் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள். சுற்றினாலும் விட்டுவிடாதீர்கள். பல கார்களில் ஃபேனுக்கு இரண்டு வேகம் உண்டு. மெதுவான வேகம் மட்டும் வேலை செய்து, சூடு ஏறும்போது வரவேண்டிய பெரிய வேகம் வராமல் போவதும் நடக்கும். இன்னொன்று: ரேடியேட்டர் மாற்றியபோது ஃபேனைச் சுற்றி இருக்கும் பிளாஸ்டிக் கூட்டைத் திரும்ப ஒழுங்காக மாட்டினார்களா? அது இல்லையென்றால் ஃபேன் சுற்றியும் பயனில்லை. ரேடியேட்டர் வழியாக இழுக்க வேண்டிய காற்றை ஓரத்திலிருந்து இழுத்துக்கொண்டிருக்கும். பார்க்கும்போது கையும் துப்பட்டாவும் தள்ளியே இருக்கட்டும். எஞ்சின் நின்ற பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றக்கூடியது.

எனக்கும் இது பட்டுத் தெரிந்ததுதான். என் பழைய காரில் இதே மாதிரி சூடேறி, ஒரு ஒர்க்‌ஷாப்பில் தெர்மோஸ்டாட்டும் கூலன்ட்டும் மாற்றி பில் கட்டினேன். கடைசியில் ரிலே பெட்டியைத் திறந்தால், ஃபேன் ரிலேயின் ஒரு கால் பழுப்பேறி, அது உட்காரும் பிளாஸ்டிக் குழி உருகிச் சப்பையாக இருந்தது. கரிந்த வாடை. குளிர்ந்திருக்கும்போது கரண்ட் பாயும், சூடானால் விட்டுவிடும். அதனால்தான் ஒர்க்‌ஷாப்பில் காட்டும்போதெல்லாம் ஃபேன் நல்ல பிள்ளையாகச் சுற்றியது.

உங்கள் வண்டியின் கணக்கு தலைகீழாக இருந்தால், அதாவது நிற்கும்போது சரியாக இருந்து நெடுஞ்சாலையிலும் ஏற்றத்திலும் சூடேறினால், ரேடியேட்டர் உள்ளே அடைப்பு, பம்ப், தெர்மோஸ்டாட் என்று சந்தேகப்படுவதில் நியாயம் உண்டு.

சரி, ஹெட் கேஸ்கெட். எஞ்சின் உடலுக்கும் அதை மேலே மூடும் ஹெட்டுக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடு. அது போயிருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. மூன்று மாதம் திரும்பத் திரும்பச் சூடேறிய எஞ்சின் அது. அலுமினிய ஹெட் சூட்டில் வளையும். முழு நீளத்துக்கும் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 0.05 மி.மீ. வளைந்தாலே பல எஞ்சின்களில் அதை லேத்தில் கொடுத்துச் சமப்படுத்த வேண்டியிருக்கும். ஆனால் "போயிருக்கும்" என்பது யூகம். யூகத்துக்கு எஞ்சினைப் பிரிக்க முடியாது. பிரிக்காமலே தெரிந்துகொள்ள இரண்டு சோதனைகள் இருக்கின்றன. இரண்டுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் பிடித்தால் அதிகம்.

ஒன்று, பிரஷர் டெஸ்ட். ரேடியேட்டர் வாயில் கைப்பம்பை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை ஏற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். மீட்டர் இறங்கினால் எங்கோ கசிவு. வெளியே ஈரம் தெரியாமல் மீட்டர் மட்டும் இறங்கினால்தான் எஞ்சினுக்கு உள்ளே போகிறது என்ற பேச்சு வரும். மற்றொன்று, கூலன்ட்டின் மேலிருக்கும் காற்றை ஒரு நீலத் திரவம் வழியாக இழுத்துப் பார்ப்பது. எரிந்த வாயு அதில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். இதைச் செய்யும்போது பக்கத்தில் நின்று உங்கள் கண்ணால் பாருங்கள். நிறம் மாறவில்லை, கூலன்ட்டும் குறையவில்லை, எண்ணெயும் சுத்தமாக இருக்கிறது என்றால் எஞ்சினைத் தொட விடாதீர்கள். முதலில் ஃபேனைச் சரிசெய்துவிட்டு அதற்குப் பிறகு இந்தச் சோதனை செய்வது நல்லது.

அந்த ரேடியேட்டர் மூடியையும் கையோடு சோதிக்கச் சொல்லுங்கள். இருப்பதிலேயே மலிவான பாகம் அதுதான், அதனாலேயே யாரும் கண்டுகொள்வதில்லை. சாதாரணமாகத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மூடி 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் கொதிநிலை 120 டிகிரி பக்கம் போய்விடும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அந்த 20 டிகிரி பாதுகாப்பு இல்லை. கூலன்ட் முன்கூட்டியே கொதித்துப் பொங்கி வெளியே போகும்.

மாற்றிய பழைய பாகங்கள் உங்களிடம் இருக்கின்றனவா? இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். தெர்மோஸ்டாட்டை வீட்டிலேயே சோதிக்கலாம். சமையலுக்கு இனி எடுக்காத ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, அதை நூலில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியோடு காய்ச்சுங்கள். அதன் மேல் 82, 88 என்று ஒரு எண் பொறித்திருக்கும். தண்ணீர் அந்தச் சூட்டை நெருங்கும்போது வால்வு மெதுவாக வாய் திறக்க வேண்டும். திறந்தால் அது நல்ல பாகம். நல்ல பாகத்தை ஏன் மாற்றினீர்கள் என்று கேட்க உங்களிடம் ஒரு சாட்சி கிடைத்துவிட்டது. பாத்திரத்தோடு படம் எடுத்து வைத்துக்கொண்டு போங்கள். இனிமேல் "எந்தச் சோதனையில் என்ன தெரிந்தது, அதனால் எந்தப் பாகம்" என்று எஸ்டிமேட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிறவரிடம் வண்டியை விட வேண்டாம்.

கேள்வி: கூலன்ட் வாங்கப் போனால் பச்சை, சிவப்பு, நீலம், ரோஸ் என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே இருப்பது பச்சை. பச்சையே வாங்கினால் போதுமா? உண்மையில் தண்ணீரே போதாதா?

பதில்: நிறம் வெறும் சாயம். ஒரே நிறத்தில் வெவ்வேறு ரசாயனமும், ஒரே ரசாயனத்தில் வெவ்வேறு நிறமும் கிடைக்கின்றன. பார்க்க வேண்டியது காரின் கையேட்டில் போட்டிருக்கும் தரக் குறியீடு. அது டப்பாவின் பின்பக்கம் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். "எல்லாக் காருக்கும் பொருந்தும்" என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டிருப்பது எனக்குப் போதாது. ஒன்றுக்கொன்று ஒத்துவராத வகைகளைக் கலந்தால் துருத்தடுப்பு வீணாகும், சில சமயம் கூழாகி ரேடியேட்டர் குழாய்களை அடைக்கும்.

அடுத்து, வாங்குவது நேராக ஊற்றுவதா, தண்ணீர் கலக்க வேண்டியதா என்று பாருங்கள். விலையை ஒப்பிடும்போது இதைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். நேராக ஊற்றும் டப்பாவில் ஏறக்குறைய பாதி தண்ணீர். கலக்கும் வகை ஒரு லிட்டர் வாங்கினால் இரண்டு லிட்டர் கிடைக்கும். கெட்டியாக ஊற்றினால் இன்னும் நன்றாகக் குளிரும் என்று நினைக்காதீர்கள். சூட்டைச் சுமப்பதில் தண்ணீர்தான் கெட்டிக்காரன். சரிபாதி கலவை சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது, கூலன்ட்டின் மூலப்பொருளான கிளைக்கால் தண்ணீர் கலக்காமல் இருந்தால் மைனஸ் 13 பக்கத்திலேயே உறைந்துவிடும்.

அப்படியானால் தண்ணீர் மட்டும் ஏன் போதாது? துருவும் உப்பும்தான் காரணம். குழாய்த் தண்ணீரின் உப்பு உள்ளே படிந்து வெந்நீர்ப் பாத்திரத்தின் அடிப்பகுதி மாதிரி ஆகிவிடும். கலப்பதற்கு பாட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் போதும். நடுவழியில் வேறு வழியில்லாமல் குடிநீர் ஊற்றினால் குடிமுழுகாது, ஊர் போய்ச் சேர்ந்ததும் வடித்துவிட்டு ஒழுங்கான கலவையை நிரப்புங்கள். மீந்த கூலன்ட்டை வாசலில் கொட்டாதீர்கள். இனிப்புச் சுவைக்கு நாயும் பூனையும் நக்கும், கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் போய்விடும்.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகிறேன். அந்த வண்டி முன்பு சூடேறி ரிப்பேர் ஆனதா என்று கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும், வண்டி குளிர்ந்திருந்தால். "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். போனதும் முதலில் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், "சும்மா ஒரு ரவுண்டு எடுத்தேன்" என்ற பதிலைச் சிரித்தபடி கேட்டுக்கொண்டு இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள்.

குளிர்ந்த நிலையில் கூலன்ட் டப்பாவைத் திறந்து டார்ச் அடியுங்கள். துருநிறமா, மேலே எண்ணெய் மிதக்கிறதா, ஓட்டை அடைக்கும் பொடியின் துணுக்குகள் தெரிகின்றனவா? எஞ்சின் முழுக்க அழுக்கும் புழுதியுமாக இருக்க, கூலன்ட் மட்டும் நேற்று வாங்கியது போல் பளபளத்தால் ஏன் என்று கேளுங்கள். எண்ணெய் மூடியைக் கழற்றினால் உள்பக்கம் மோர் கலரில் பிசுக்கு இருக்கலாம். இதை மட்டும் வைத்து ஹெட் கேஸ்கெட் போச்சு என்று முடிவு கட்ட முடியாது. பக்கத்துத் தெருவுக்கே ஓடும் வண்டியிலும் ஈரம் சேர்ந்து அப்படி ஆகும். எண்ணெய் அளவுக் குச்சியிலும் அதே நிறம் இருந்தால் கிளம்பிவிடுங்கள்.

ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓட்டியும் சூட்டு முள் நடுவுக்கு வராமல் கீழேயே கிடந்தால், தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருக்க வாய்ப்பு அதிகம். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, ஏசியை அணைத்து நிறுத்தி எஞ்சினை ஓடவிடுங்கள். ஃபேன் தானாகச் சுற்றி, நின்று, மறுபடி சுற்றும் வரை பொறுமையாக இருங்கள். டாஷ்போர்டுக்குக் கீழே கம்பெனி போடாத தனி ஸ்விட்ச் ஏதாவது தொங்குகிறதா என்று குனிந்து பாருங்கள். சென்சார் பிரச்சினையைக் கண்டுபிடிக்கச் சோம்பல்பட்டு ஃபேனுக்கு நேர் கரண்ட் கொடுத்த வண்டிகளில் அப்படி ஒன்று இருக்கும்.

கேள்வி: வாரண்டியில் இருக்கும் கார். வழியில் சிவப்பு விளக்கு எரிந்தது, எஞ்சின் நின்றுவிட்டது. "விளக்கு எரிந்த பிறகும் ஓட்டியிருக்கிறீர்கள், வாரண்டி கிடையாது" என்கிறார்கள். நான் ஓரிரு நிமிடத்தில் ஓரம் கட்டிவிட்டேன். என்ன செய்வது?

பதில்: எச்சரித்த பிறகும் ஓட்டியதால் வந்த சேதத்தை வாரண்டியிலிருந்து விலக்குவது வழக்கமான விதிதான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. முதலில் எது கெட்டது? ஹோஸ் வெடித்ததா, பம்ப் போனதா, ஃபேன் நின்றதா? அது உங்கள் தப்பு இல்லையென்றால் அந்தப் பாகத்தையாவது அவர்கள் தர வேண்டும். அதன் பின்விளைவு எவ்வளவு உங்கள் கணக்கில் வரும் என்பது தனி வழக்கு.

மறுப்பை, எந்த விதியின் கீழ் என்ற காரணத்தோடு, எழுத்தில் வாங்குங்கள். கூடவே கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுக் குறியீடுகளை அழிக்காமல் பிரின்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள். எஞ்சின் அதிகச் சூடு என்பதற்கு பி0217 என்று ஒரு பொதுக் குறியீடு உண்டு. கோளாறு பதிவாகும் அந்த நொடியில் கூலன்ட் சூடு, வேகம், எஞ்சின் சுற்று எவ்வளவு என்பதும் சேர்ந்து பதிவாகியிருக்கலாம். நீங்கள் விரட்டி ஓட்டினீர்களா இல்லையா என்பதற்கு அது நல்ல சாட்சி. வேறொரு தேர்ந்த மெக்கானிக் பார்த்து எழுதித் தரும்வரை எஞ்சினைப் பிரிக்கச் சம்மதம் கொடுக்காதீர்கள். பிரித்துப் போட்ட பிறகு எது முதலில் கெட்டது என்று சொல்வது கஷ்டம்.

விளக்கே எரியவில்லை, முள்ளும் அசையவில்லை, திடீரென்று நின்றது என்றும் சிலர் சொல்வதுண்டு. அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. கூலன்ட் மொத்தமாகக் கொட்டிப்போனால் சென்சார் திரவத்தில் நனையாமல் வெறும் காற்றில் நிற்கும், சூட்டைக் குறைத்துக் காட்டும்.

கேள்வி: வெயில் ஊரில் தெர்மோஸ்டாட் தேவையில்லை, கழற்றிவிட்டால் வண்டி சூடேறாது என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பதில்: வேண்டாம். எஞ்சின் சரியான சூட்டுக்கு வரத் தாமதமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்தான் பக்கவழியை மூடும். அதை எடுத்துவிட்டால் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றி, முன்பைவிட அதிகமாகச் சூடேறும்.

கேள்வி: நிறுத்திய இடத்தில் முன்பக்கம் சொட்டுச் சொட்டாக ஈரம். கூலன்ட் கசிகிறதோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அடியில் ஒரு வெள்ளை அட்டையை வைத்து ஒரு இரவு விடுங்கள். நிறமும் பிசுக்கும் வாடையும் இல்லாத தண்ணீராக இருந்தால் அது ஏசி வடிநீர். பச்சையோ ரோஸோ கறை படிந்திருந்தால், எஞ்சின் ஆறியிருக்கும்போது டப்பாவில் அளவுக் கோட்டைப் பார்த்துவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள், அட்டையையும் எடுத்துக்கொண்டு.