முதல் போர்டு வாங்கும் முன்னும் பின்னும்: கேள்வி பதில்

சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் நம் குழுவினர் அனுப்பிய கேள்விகள் இவை. எல்லாம் மைக்ரோகண்ட்ரோலர் போர்டைப் பற்றியவை, அதாவது நாம் எழுதும் நிரலின்படி சென்சாரைப் படித்து விளக்கு, பம்ப் போன்றவற்றை இயக்கும் சின்னக் கணினிப் பலகை. என் பதில்களில் ஒரு பிடிவாதம் இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போர்டு முதலில் அளக்கட்டும், பிறகு இயக்கட்டும். வெப்பமோ தண்ணீரோ மழையோ, அது காட்டும் எண்ணை நம்பலாம் என்று தெரிந்த பிறகுதான் அந்த எண்ணின் பேச்சைக் கேட்டு பம்போ பல்போ ஓட வேண்டும். தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிக்கிற வேலையில் நான் தினமும் பார்ப்பது இதைத்தான்.

அண்ணே, ஊனோ, இஎஸ்பி32, பிக்கோ, மைக்ரோபிட்னு ஆளுக்கு ஒன்னு சொல்றாங்க. கையில ஐம்பது வெள்ளிதான் இருக்கு. எதை வாங்குறது? (எஸ்பிஎம் முடித்த தம்பி)

தம்பி, என்ன செய்யப் போகிறாய் என்பதை முதலில் முடிவு செய். அளந்ததைக் கைப்பேசியில் பார்க்க வேண்டுமென்றால் இஎஸ்பி32 வாங்கு. வைஃபையும் புளூடூத்தும் அதற்குள்ளேயே இருக்கின்றன, வேகம் 240 மெகாஹெர்ட்ஸ். பிரெட்போர்டு (பற்றவைக்காமல் செருகிப் பார்க்கும் பலகை), ஜம்பர் வயர் (இணைப்பு வயர்), சில எல்இடி (சின்ன விளக்கு), ரெசிஸ்டர் (மின்தடை), ஒரு வெப்ப சென்சார் எல்லாம் சேர்த்து உன் ஐம்பது வெள்ளிக்குள் அடக்கிவிடலாம்.

மின்னணுவியல் சுத்தமாகத் தெரியாது, நிதானமாகக் கற்க வேண்டும் என்றால் அர்டுயினோ ஊனோ நல்லது. பழைய ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சில்லுக்கு 16 மெகாஹெர்ட்ஸ் வேகமும் 2 கிலோபைட் ராமும்தான். ஆனாலும் கற்பதற்கு அது தாராளம். 5 வோல்ட்டில் ஓடுவதால் சின்னத் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். பினாங்கைச் சேர்ந்த சைட்ரான் செய்யும் மேக்கர் ஊனோவில் பின்களுக்கு (வயர் செருகும் முனைகளுக்கு) எல்இடி, ஒரு பஸ்ஸர், ஒரு பட்டன் எல்லாம் போர்டிலேயே உண்டு. வயர் செருகாமலே பல பாடங்களை முடித்துவிடலாம். பைத்தான் தெரிந்தவர்களுக்குப் பிக்கோ. 2021இல் அதை 4 அமெரிக்க டாலர் விலையில் வெளியிட்டார்கள், இன்றும் மலிவுதான்.

முப்பத்தேழு சென்சார் அடங்கிய பெட்டி என்று விற்பதை மட்டும் வாங்காதே. அதில் பாதியை நீ தொடவே மாட்டாய்.

என் மகள் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. மைக்ரோபிட் கேட்கிறாள். எனக்கும் அவள் அப்பாவுக்கும் கம்ப்யூட்டர் தெரியாது. வாங்கித் தரலாமா? (ஒரு தாய்)

தயங்காமல் வாங்கித் தாருங்கள் அம்மா. அந்த வயதுக்கு அதைவிடப் பொருத்தமான போர்டு எனக்குத் தெரிந்து இல்லை. 25 சின்ன விளக்குகள், இரண்டு பட்டன், அசைவையும் வெப்பத்தையும் உணரும் வசதி, எல்லாம் அதிலேயே இருக்கின்றன. மேக்கோடு என்ற தளத்தில் வண்ணக் கட்டங்களை இழுத்து ஒன்றோடொன்று பொருத்தினால் அதுவே நிரல் ஆகிவிடும். போர்டு வாங்கும் முன்பே திரையில் ஓட்டிப் பார்க்கலாம், அதற்குக் காசு கிடையாது. ஒன்று மட்டும் மகளிடம் சொல்லிவையுங்கள். அது காட்டுவது சில்லின் சூடு, அதனால் அறையின் வெப்பத்தைவிடக் கொஞ்சம் கூடவே வரும். எவ்வளவு கூட என்று ஒரு வெப்பமானியை வைத்து அவளே கண்டுபிடிக்கட்டும். நல்ல முதல் பயிற்சி அது.

போர்டைச் செருகினா சிவப்பு லைட் எரியுது. ஆனா லேப்டாப்புல போர்ட்டே வரல. போர்டு கெட்டுப்போச்சா? (படிவம் 2 மாணவன்)

கெட்டிருக்காது. போர்ட் என்பது போர்டைக் கணினி காணும் இணைப்பு வாசல். அதிகம் வரும் கேள்வி இதுதான், பதிலும் பெரும்பாலும் கேபிள்தான். கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்ற மட்டும் வரும் யூஎஸ்பி கேபிள்களில் தகவல் போகும் வயர்கள் இருக்காது. விளக்கு எரியும், கணினிக்கு ஒன்றும் தெரியாது. கைப்பேசியிலிருந்து படங்களைக் கணினிக்கு மாற்ற எந்தக் கேபிள் உதவுகிறதோ அதைப் போட்டுப் பார்.

அப்படியும் வரவில்லையா? போர்டில் யூஎஸ்பி முனைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னச் சில்லின் எழுத்தைக் கைப்பேசிக் கேமராவில் பெரிதாக்கிப் படி. மலிவு போர்டுகளில் பெரும்பாலும் சிஎச்340 அல்லது சிபி2102 என்றிருக்கும். அந்தப் பெயருக்கான டிரைவரை (கணினி அந்தச் சில்லோடு பேச உதவும் மென்பொருளை) விண்டோஸில் போட வேண்டும். லினக்ஸில் டிரைவர் தயாராகவே இருக்கும், ஆனால் உன் பயனர் பெயரை டயல்அவுட் குழுவில் சேர்க்காவிட்டால் அனுமதி இல்லை என்று சொல்லும்.

போர்ட் வந்துவிட்டது, அப்லோட் மட்டும் தோற்கிறது என்றால் இன்னொரு வழி உண்டு. சில இஎஸ்பி32 போர்டுகள் இணைப்புக்குக் காத்திருக்கும்போது புள்ளி புள்ளியாக ஓட்டிவிட்டு நேரம் முடிந்தது என்று நின்றுவிடும். புள்ளிகள் ஓடத் தொடங்கியதும் போர்டில் உள்ள பூட் பட்டனை அழுத்திப் பிடி, எழுத ஆரம்பித்ததும் விடு.

எல்இடிக்கு ரெசிஸ்டர் கட்டாயமா? போடாமலே எரியுதே. (அதே மாணவன்)

எரியும், ஆனால் எல்இடியும் பின்னும் சேர்ந்து வதைபடும். ஊனோவின் ஒரு பின்னுக்கு 20 மில்லி ஆம்பியர் வரை பாதுகாப்பு. 5 வோல்ட்டில் சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட்டை எடுத்துக்கொண்டால் மீதி 3 வோல்ட். 220 ஓம் போட்டால் ஏறக்குறைய 14 மில்லி ஆம்பியர் ஓடும். இந்த ஒரு வகுத்தலை மனப்பாடம் செய்யாமல் புரிந்துகொண்டால் பாதி மின்னணுவியல் உன் கையில். மோட்டாரை மட்டும் எந்த நாளும் நேரடியாகப் பின்னில் மாட்டாதே.

தாமான்ல அடிக்கடி குழாய்த் தண்ணி வராம நின்னுடுது. கூரைக்கு மேல உள்ள தொட்டியில எவ்வளவு இருக்குன்னு கீழேயிருந்தே பார்க்கணும். முடியுமா அண்ணே?

முடியும். முதல் முயற்சிக்கு மிக நல்ல வேலையும் கூட, ஏனென்றால் இதில் எதையும் இயக்க வேண்டியதில்லை.

எச்சி-எஸ்ஆர்04 என்ற மீயொலி சென்சார் 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைத் தரும். அந்த மைக்ரோ வினாடிகளை 58ஆல் வகுத்தால் சென்டிமீட்டர். ஆனால் தொட்டிக்குள் நீராவி அதிகம், திறந்த சென்சார் நாளடைவில் வீணாகும். நீர் புகாத ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி வகையைப் போடுங்கள். அதற்கு 25 சென்டிமீட்டருக்குள் இருப்பது சரியாகத் தெரியாது, அதனால் தொட்டி நிரம்பும் மட்டத்துக்கு அவ்வளவு மேலே பொருத்துங்கள்.

சென்சாரை 5 வோல்ட்டில் ஓட்டினால் எக்கோ பின்னில் வருவதும் 5 வோல்ட். இஎஸ்பி32 தாங்குவது 3.3தான். எக்கோவுக்கும் போர்டின் பின்னுக்கும் நடுவில் 1 கிலோ ஓம், அந்தப் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு (0 வோல்ட் முனைக்கு) 2 கிலோ ஓம் போட்டால் 3.3 ஆகக் குறைந்துவிடும். இதை விட்டுவிட்டுப் போர்டைக் குறை சொல்வோர் நிறைய.

நம் ஊர் வெயிலுக்கு ஒரு திருத்தமும் வேண்டும். 58 என்ற எண் 20 டிகிரிக்கானது. கூரைக்கடியில் 35 டிகிரி இருந்தால் ஒலி இன்னும் வேகமாக ஓடும், 100 சென்டிமீட்டரில் இரண்டரை சென்டிமீட்டர் வரை குறைத்துக் காட்டும். தொட்டிக்கு அது பெரிதல்ல. ஆனாலும் அளவுகோலை ஒருமுறை உள்ளே விட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். மேலே ஏறும்போது இன்னொருவர் ஏணியைப் பிடித்துக்கொள்ளட்டும்.

வைஃபை பேரே போர்டுக்குத் தெரியல. இன்னொன்னு, நேரம் எட்டு மணி நேரம் பின்னாடி காட்டுது.

சாதாரண இஎஸ்பி32க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் வைத்திருந்தால் மற்றதைக் கொடுங்கள். இணையத்திலிருந்து போர்டுக்கு வருவது உலகப் பொது நேரம், அதனால் நிரலில் 28800 வினாடி என்று கூட்டிவிடுங்கள், நம் எட்டு மணி நேரம் அதுதான்.

கம்பத்துக் கோழி வளர்க்கிறேன். முட்டைப் பொரிப்புப் பெட்டிக்குப் போர்டு வைக்கலாமா? (தோட்டத்து அண்ணன்)

வைக்கலாம் அண்ணே. ஆனால் என் பிடிவாதத்தை இங்கே மிகவும் கடுமையாகப் பிடிப்பேன், ஏனென்றால் 21 நாளும் உயிர் அதை நம்பி இருக்கும்.

விசிறி உள்ள பெட்டிக்கு 37.5 டிகிரி வேண்டும். டிஎச்டி11 என்ற நீலச் சென்சார் இரண்டு டிகிரி வரை தவறலாம், அது இதற்கு ஆகாது. நீர் புகாத உறையில் வரும் டிஎஸ்18பி20 எடுங்கள், தவறு அரை டிகிரிக்குள். தகவல் வயருக்கும் மின் வயருக்கும் நடுவில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் மறக்கக் கூடாது. அந்த அரை டிகிரியையும் சரிபார்க்க வீட்டில் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் வெப்பமானியே போதும், 37ஐ ஒட்டித் துல்லியமாகக் காட்டத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். உடம்புச் சூட்டுக்கு வெந்நீரை ஆறவிட்டு இரண்டையும் சேர்த்து முக்கிப் பாருங்கள். வித்தியாசத்தை நிரலில் கழித்துவிடுங்கள். பிறகு முட்டை வைக்காமல் சில நாள் பெட்டியை ஓட்டி எண்களை எழுதிவாருங்கள்.

சூட்டுக்கு 240 வோல்ட் பல்பு வேண்டாம். மோட்டார் சைக்கிள் கடையில் கிடைக்கும் 12 வோல்ட், 21 வாட் பல்பைப் போடுங்கள், மோஸ்பெட் மாட்யூல் (மின்னணு சுவிட்ச்) வழியாகப் போர்டு அதைத் திறந்து மூடும். வீட்டு மின்சாரத்தைத் தொட வேண்டியதே இல்லை, 12 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர் ஒன்று போதும். பல்பு பெரிய பெட்டிக்குப் பற்றாவிட்டால் இரண்டாகப் போட்டு அடாப்டரையும் பெரிதாக்குங்கள். 37.3க்குக் கீழே எரியட்டும், 37.7ஐத் தாண்டினால் அணையட்டும். நடுவில் இடைவெளி விடாவிட்டால் ஓயாமல் சிமிட்டிக்கொண்டே இருக்கும்.

இப்போது சொல்வதுதான் முக்கியம். இந்தச் சென்சாரின் வயர் கழன்றால் வழக்கமான நூலகம் (சென்சாரைப் படிக்கத் தயாராகக் கிடைக்கும் நிரல்) -127 என்று தரும். நிரல் அதை உண்மை என்று நம்பினால், பெட்டி உறைந்துகிடக்கிறது என்று எண்ணி பல்பை அணைக்கவே அணைக்காது. மின்சாரம் வந்த கணத்தில் 85 என்றும் பொய்யாகக் காட்டும். 20க்குக் கீழோ 45க்கு மேலோ வந்தால் பல்பை அணை, பஸ்ஸரை அலறவிடு என்ற வரியை எல்லாவற்றுக்கும் முன்பு எழுதுங்கள். நிரலே நின்றுபோனால் போர்டைத் தானாக மீண்டும் தொடங்கச் செய்யும் வாட்ச்டாக் வசதியையும் இயக்கிவிடுங்கள்.

நான் பால்மரம் வெட்டுறேன். ராத்திரி எத்தனை மணிக்கு, எவ்வளவு மழைன்னு பெரட்டுக்கு (காலையில ஆள் கணக்கெடுக்கிறதுக்கு) முன்னாடி தெரிஞ்சா நல்லாருக்கும். வெட்டுக் காடு வீட்டிலேருந்து தூரம். (ஓர் அக்கா)

அக்கா, பட்டை ஈரமா இல்லையா என்பதில்தான் உங்கள் அன்றைய வருமானம் இருக்கிறது. அதனால் இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது.

சாயும் வாளி மழைமானி என்று உண்டு. புனலில் விழும் மழை ஒரு சின்னத் தட்டை நிரப்பியதும் தட்டு சாயும், அதிலுள்ள காந்தம் தொடாமலே ஒரு ரீட் சுவிட்சை மூடும், போர்டு ஒன்று என்று எண்ணும். சுவிட்ச் ஒரே சாய்வில் இரண்டு மூன்று முறை துள்ளும், அதனால் 100 மில்லி வினாடிக்குள் வரும் அடுத்த துள்ளலைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

ஒரு சாய்வுக்கு எவ்வளவு மழை என்பதை நீங்களே அளக்கலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். புனலின் வாய் விட்டம் 16 சென்டிமீட்டர் என்றால் பரப்பு ஏறக்குறைய 201 சதுர சென்டிமீட்டர். அப்படியானால் 201 மில்லிலிட்டர் தண்ணீர் 10 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். அதைச் சொட்டுச் சொட்டாக ஊற்றி எத்தனை முறை சாய்கிறது என்று எண்ணுங்கள், 10ஐ அந்த எண்ணால் வகுங்கள். வேகமாக ஊற்றினால் கணக்கு கெடும்.

வைஃபை வெட்டுக் காட்டுக்கு எட்டாது. லோரா என்ற வானொலி மாட்யூல் இரண்டு வாங்கி, ஒன்றைக் காட்டிலும் ஒன்றை வீட்டிலும் வைக்கலாம். மலேசியாவில் அதற்கு 919 முதல் 923 மெகாஹெர்ட்ஸ். 868 என்று எழுதிய ஐரோப்பிய வகையை எடுக்காதீர்கள். மரங்கள் அடர்ந்திருந்தால் தூரம் வெகுவாகக் குறையும், அதனால் ஆன்டெனாவை உயரத்தில் கட்டி, நடந்து நடந்து சோதித்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள். முதலில் மழைமானியை வீட்டு வாசலில் வைத்து நாலைந்து மழை பார்த்துவிடுங்கள், காட்டுக்கு அது பிறகு போகட்டும். இடி இடிக்கும்போது அதன் பக்கத்தில் போகாதீர்கள், நீளமான வயரும் இழுக்காதீர்கள்.

பவர் பேங்க்கில் போட்டால் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடுகிறது.

போர்டு தூங்கும்போது இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. கைப்பேசியைக் கழற்றிவிட்டார்கள் என்று நினைத்துப் பல பவர் பேங்க்குகள் தாமாகவே நின்றுவிடும். பாதுகாப்புச் சுற்று உள்ள 18650 (மறுபடி சார்ஜ் ஏற்றும் லித்தியம்) பேட்டரிப் பெட்டி வாங்குங்கள், அல்லது சார்ஜரிலேயே விடுங்கள்.

மிளகாய்ச் செடிக்கு மண் ஈரம் பார்க்கும் முள்ளுக் கம்பி சீக்கிரம் துருப்பிடித்துவிட்டது.

மண்ணுக்குள் ஓயாமல் மின்சாரம் ஓடினால் கம்பி அரிக்கத்தான் செய்யும். கெப்பாசிட்டிவ் வகை வாங்குங்கள், அதில் உலோகம் மண்ணைத் தொடாது. இஎஸ்பி32இல் 32 முதல் 39 வரையுள்ள பின்களில் மாட்டுங்கள். மற்ற அனலாக் பின்கள் வைஃபை ஓடும்போது அளக்காது.

ஐயா வணக்கம். தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவன். இந்த வயதில் நிரல் எழுத வருமா?

வணக்கம் ஐயா. செக்ரோல் (ஆட்களின் வருகைப் பேரேடு) எழுதியவருக்கு இது வராமல் போகாது. காலையில் பேரேட்டைத் திறந்து தேதி போடுவதுபோல் செட்அப் என்ற பகுதி ஒரே முறை ஓடும், பேர் பேராகப் பதிவதுபோல் லூப் என்ற பகுதி திரும்பத் திரும்ப ஓடும். தொடக்கத்தில் தெரிய வேண்டியது இவ்வளவுதான். போர்டு வாங்கும் முன் வோக்வி என்ற இணையதளத்தில் இஎஸ்பி32ஐத் திரையிலேயே ஓட்டிப் பாருங்கள். அங்கே எதையும் எரித்துவிட முடியாது.

எல்இடி சிமிட்டுற நேரத்துல பட்டன் அழுத்தினா கேட்கவே மாட்டேங்குது. (தொழிற்சாலையில் வேலை செய்யும் தங்கை)

டிலே என்று எழுதியிருப்பாய், இல்லையா? அந்த நேரம் முடியும்வரை போர்டு வேறு எதையும் பார்க்காது. அதற்குப் பதிலாக மில்லிஸ் என்ற எண்ணைப் பயன்படுத்து, போர்டு விழித்ததிலிருந்து எத்தனை மில்லி வினாடி ஆகியிருக்கிறது என்று சொல்லும். கடைசியாக விளக்கை மாற்றிய நேரத்தைக் குறித்துவைத்து, ஒவ்வொரு சுற்றிலும் இப்போதைய எண்ணிலிருந்து அதைக் கழித்துப் பார். ஐந்நூறைத் தாண்டினால் விளக்கை மாற்று, தாண்டாவிட்டால் பட்டனைக் கவனி. அந்த எண் ஏறக்குறைய 50 நாளில் மறுபடி சுழியத்துக்குத் திரும்பும். குறியில்லாத (மைனஸ் எண் ஏற்காத) 32 பிட் மாறிகளில் வைத்துக் கழித்துப் பார்க்கிறவரை அதனால் தொல்லை இல்லை. கூட்டி ஒப்பிட்டால்தான் ஒருநாள் நின்றுபோகும்.