குளோவர் போடலாமா? கொரங்காட்டுக்கு எந்தப் புல்லு?

கேள்வி: ஐயா வணக்கமுங்க. மூலனூர் பக்கம் எங்களுக்கு 6 ஏக்கர் மானாவாரி பூமி, செம்மண் சரளை. அப்பா காலத்துல கொரங்காடா, அதாவது வேலி போட்ட மேய்ச்சக் காடா, இருந்துச்சு, இப்ப பாதி சும்மா கெடக்குதுங்க. 4 காங்கேயம் மாடு, 2 கலப்பின மாடு இருக்கு. நியூசிலாந்து வீடியோல ரைகிராஸ் புல்லும் குளோவர் செடியும் கலந்து வெதச்சு, மாட்டை மேய விட்டே பால் கறக்கறாங்க, தீவனச் செலவு ரொம்ப கம்மிங்கறாங்க. அந்த வெதையை ஆன்லைன்ல வாங்கிப் போடலாமுங்களா?

பதில்: வேண்டாம் தம்பி, காசு போயிரும். ஆனா அவங்க யோசனை இருக்கு பாருங்க, அது ரொம்ப சரி, அதை மட்டும் எடுத்துக்கங்க. குளோவர் பயறு குடும்பத்துச் செடி, வேர் முடிச்சுல காத்துல இருக்கற நைட்ரஜனைப் புடிச்சு வைக்கும், அதனால பக்கத்துல இருக்கற புல்லுக்கு யூரியா செலவு கொறையும், மாட்டுக்கும் புரதம் கெடைக்கும். ஆனா அது குளிர் பிரதேசத்துச் செடி. ஊட்டிப் பக்கம் கிக்குயூ புல்லோட சேர்ந்து வெள்ளை குளோவர் நல்லா வருது, உங்க ஊரு சித்திரை வெயிலுக்கு நிக்காது.

உங்க மண்ணுக்கு ரைகிராஸ் எடத்துல கொழுக்கட்டைப் புல்லு, குளோவர் எடத்துல முயல் மசால், அதுவும் பயறு குடும்பத்துத் தீவனச் செடிதான். கொழுக்கட்டைப் புல்லு உங்க தாத்தா காலத்துல இருந்து அங்க இருக்கறதுதான், கோடையில காஞ்சு கெடந்தாலும் ஒரு மழை பேஞ்சா தூர்ல இருந்து பச்சை கட்டிரும். ஏக்கருக்கு 3 கிலோ வெதை போதும். ஆனா புதுசா எடுத்த வெதை சரியா முளைக்காது, உறக்கம் தெளிய ஆறேழு மாசம் ஆகும், அதனால பழைய வெதையான்னு கேட்டு வாங்குங்க. இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, ஒரு வருஷம் புது வெதையைப் போட்டுட்டு, நல்ல மழை பேஞ்சும் காடு வெறுமையா கெடந்ததைப் பாத்து வயிறு எரிஞ்சவன் நான்.

முயல் மசால் வெதைக்குத் தோல் கெட்டி. கை பொறுக்காத சூட்டுல, அதாவது 80 டிகிரி தண்ணியில 4 நிமிஷம் போட்டு எடுத்து, ராத்திரி பூரா பச்சைத் தண்ணியில ஊறவச்சு வெதைங்க. மூணு வரிசை புல்லுக்கு ஒரு வரிசை மசால், ஆழமா போகாம மேலாப்புல. ஆடியிலயோ புரட்டாசியிலயோ மண்ணு ஈரம் பாத்து போடுங்க.

முதல் வருஷம் மாட்டை உள்ள விடவே விடாதீங்க. மசால் ஆரம்பத்துல மெதுவாத்தான் வளரும், வேர் புடிக்கறதுக்கு முன்னால மேஞ்சா மாடு செடியையே புடுங்கிரும். வெதை கொட்டட்டும், அடுத்த மழைக்குத் தானா முளைக்கும். அப்புறம் கிளுவை வேலி போட்டு நாலு துண்டா பிரிச்சு மாத்தி மாத்தி மேய்ங்க. புல்லு முழங்கால் உயரம் வந்ததும் விட்டு, ஒரு சாணுக்கு வந்ததும் அடுத்த துண்டுக்கு ஓட்டிருங்க. எங்கயுமே லாபம் போறது இங்கதான், நல்ல புல்லையும் ஒட்ட மேய விட்டு தூரைக் கொன்னுடறோம். வெள்வேல மரத்தை வெட்டிராதீங்க, நெழலும் ஆச்சு, கோடையில அதோட காயி மாட்டுக்குத் தீவனமும் ஆச்சு.

காங்கேயம் மாட்டுக்கு இந்த மேய்ச்சல் பெரும்பாலும் போதும். கலப்பின மாடு கறவையில இருந்தா மேய்ச்சல் மட்டும் பத்தாது, கெணத்துல தண்ணி இருந்தா கால் ஏக்கர் கோ-5 தீவனப் புல்லு (கம்பு நேப்பியர்) போட்டு வெட்டிப் போடுங்க, கூட அடர்தீவனமும் வேணும்.

கேள்வி: தாராபுரத்துல இருந்து எழுதறேனுங்க. குதிரை மசால் (லூசர்ன் தீவனச் செடி) மேஞ்சு எங்க மாட்டுக்கு வயிறு உப்பிப் போச்சு. முயல் மசாலும் அப்படிப் பண்ணுங்களா?

பதில்: இல்லைம்மா, பயப்படாம போடலாம். குதிரை மசாலும் குளோவரும்தான் வயித்துல நுரை கட்டி உப்பவைக்கும், அதுவும் எளசா பனி ஈரத்தோட வெறும் வயித்துல மேஞ்சா. காலையில முதல்ல வைக்கோலோ சோளத்தட்டோ போட்டுட்டு அப்புறம் குதிரை மசாலை அளவா வெட்டிப் போடுங்க, மேய விடாதீங்க. எடது பக்க விலா மேல உப்பி மாடு மூச்சு வாங்குச்சுன்னா கை வைத்தியம் பாத்துட்டு நிக்காதீங்க, உடனே டாக்டருக்கு போன் போடுங்க.