பார்வையற்ற பெண்களின் 100 மீட்டர் ஓட்டத்தில், உடன் ஓடும் ஆண்தான் அவர்களை இழுத்துச் செல்கிறாரா?

2024 பாரிஸ் பாராலிம்பிக்கின் 200 மீட்டர் ஓட்டத்தில், பார்வைக் குறைபாடுள்ள இந்திய வீராங்கனை சிம்ரன் சர்மா வெண்கலம் வென்ற காணொளியைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் கயிறு கட்டிக்கொண்டு ஓடிய ஆண் அவரை இழுத்துச் செல்வதுபோலத் தெரிகிறதே, பெண்ணுக்கு ஏன் ஆண் வழிகாட்டி என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, இழுக்கக் கூடாது. இழுத்ததாக நடுவர்கள் கண்டால் இருவரும் தகுதிநீக்கம் செய்யப்படுவார்கள். ஆனாலும் இந்தச் சந்தேகத்தில் தவறில்லை. கல்லூரிக் காலத்தில் 100 மீட்டரும் 200 மீட்டரும் ஓடிய நானும், மாநில அளவிலான பாரா தடகளப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்த, பிறவியிலேயே பார்வையில்லாத ஒரு பெண்ணுக்கு வழிகாட்டியாக ஓடத் தொடங்கும்வரை இப்படித்தான் நினைத்திருந்தேன்.

முதலில் விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் தடகளத்தில் டி11, டி12, டி13 என்று மூன்று பிரிவுகள் உண்டு; எண் குறையக் குறையப் பார்வையும் குறைவு. டி11 பிரிவினர் வழிகாட்டியுடன்தான் ஓட வேண்டும். சிலருக்கு வெளிச்சம் மட்டும் புலப்படக்கூடும் என்பதால், எல்லோரும் ஒளி புகாத கண்மறைப்பும் அணிய வேண்டும். டி12 பிரிவில் வழிகாட்டி வேண்டுமா வேண்டாமா என்பது ஓடுபவரின் விருப்பம். டி13 பிரிவில் வழிகாட்டிக்கு அனுமதியே இல்லை. வழிகாட்டியோடு ஓடுபவருக்கு இரண்டு தடங்கள் தேவைப்படுவதால், எட்டுத் தட மைதானத்தில் டி11, டி12 இறுதி ஓட்டத்தில் நால்வர் மட்டுமே ஓடுவார்கள். (பாரிஸ் 100 மீட்டரில் சிம்ரன் 12.31 வினாடிகளில் நான்காவதாக வந்தார் என்றால், கடைசியாக வந்தார் என்றும் பொருள்; அந்த நால்வரில் ஒருவராவதற்கு முன் அவர் கடந்த சுற்றுகளைச் செய்தித்தாள்கள் பெரிதாக எழுதவில்லை.) இருவரையும் இணைக்கும் கயிறு நீளாத பொருளால் ஆனதாக, 30 சென்டிமீட்டருக்கு மிகாததாக இருக்க வேண்டும். எல்லைக்கோட்டை ஓட்டவீராங்கனைதான் முதலில் கடக்க வேண்டும். வழிகாட்டியின் உடல் முந்திவிட்டால் அத்தனை உழைப்பும் வீண்.

இந்தக் கடைசி விதிதான் வழிகாட்டியின் ஓட்டத்தையே தலைகீழாக்குகிறது. முந்துவதற்கென்றே பழக்கப்பட்ட கால்களை அரையடி பின்னால் நிறுத்தக் கற்க வேண்டும். அந்தப் பெண்ணின் வலது கையும் என்னுடைய இடது கையும் கயிற்றில் இணைந்திருப்பதால் அவை சேர்ந்தே முன்னும் பின்னும் வீச வேண்டும். அப்படியானால் அவருடைய இடது காலும் என்னுடைய வலது காலும் ஒரே கணத்தில் முன்னேற வேண்டும். பள்ளி விளையாட்டு விழாவில் மூன்று கால் ஓட்டம் ஓடியவர்களுக்கு இது உடனே புரியும். அவரைவிட நான் உயரம். எனவே என் எட்டைக் குறுக்கி, அவருடைய எட்டின் நீளத்துக்கு என் இடுப்பைப் பழக்க மட்டும் இரண்டு மாதங்கள் ஆயின. முதல் வாரத்தில் ஒரு நாள் நாற்பது மீட்டரில் சட்டென்று நின்றுவிட்டு, “அண்ணா, கயிறு இறுகுகிறது. நீங்கள் முன்னால் போனால் என் தோள் திரும்பிவிடுகிறது, கால் தரையில் சரியாக விழுவதில்லை” என்றார். வேகமாக ஓட உதவுவதாக நான் நினைத்துக்கொண்டிருந்தது அவருடைய வேகத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. முழு வேகத்தில் ஓடுபவரின் ஒரு கையைப் பக்கவாட்டிலிருந்து இழுத்தால், அவருடைய கைவீச்சு குலைந்து உடல் கோணிப்போகுமே தவிர, முன்னே பாயாது. நன்றாக ஓடும் இணையின் கயிறு பெரும்பாலான நேரம் தளர்ந்தே இருக்கும். அடுத்த முறை காணொளியைப் பார்க்கும்போது முகங்களை விட்டுவிட்டு அந்தக் கயிற்றை மட்டும் கவனியுங்கள்.

அதற்காக இழுப்பே நடப்பதில்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். 2016 ரியோ பாராலிம்பிக்கின் டி11 100 மீட்டரில் இந்தச் சர்ச்சை இரண்டு முறை எழுந்தது. பிரிட்டனின் லிபி கிளெக் அரையிறுதியில் 11.91 வினாடிகளில் ஓடி உலக சாதனை படைத்த பிறகு, வழிகாட்டி கிறிஸ் கிளார்க் விதிமீறி உதவினார் என்று தகுதிநீக்கம் செய்யப்பட்டார்; மேல்முறையீட்டில் மீண்டும் சேர்க்கப்பட்டு இறுதியில் தங்கம் வென்றார். அதே இறுதி ஓட்டத்தில், முந்தைய சாம்பியனான பிரேசிலின் தெரெசின்யா கில்யெர்மினா, வழிகாட்டி இழுத்ததாகக் கூறப்பட்டுத் தகுதிநீக்கம் பெற்றார். விதி கடுமையானதுதான், ஆனால் பன்னிரண்டு வினாடிகளில் முடிந்துவிடும் ஓட்டத்தில் கை தற்செயலாக முந்தியதா, வேண்டுமென்றே இழுத்ததா என்று பிரித்தறிவது நடுவர்களுக்கு எளிதல்ல.

பெண்களுக்கு ஏன் ஆண் வழிகாட்டிகள் என்பது கேள்வியின் இன்னொரு பகுதி. வழிகாட்டி ஓடுபவரைவிட வேகமானவராக இருந்தால் மட்டும் போதாது. மூச்சு மிச்சம் வைத்து “வளைவு”, “நேர்”, “கோடு” என்று சொல்லிக்கொண்டே ஓட வேண்டும். பாரிஸில் பிரேசிலின் ஜெருசா கெபர் அரையிறுதியில் 11.80 வினாடிகளில் ஓடி டி11 உலக சாதனை படைத்தார். டி12 பிரிவில் கியூபாவின் ஒமாரா துரண்ட் ரியோவில் ஓடிய நேரம் 11.40. இந்தியப் பெண்களின் 100 மீட்டர் தேசிய சாதனையே, 2021-இல் தூத்தி சந்த் ஓடிய 11.17 வினாடிகள்தான். துரண்டின் வேகத்தில் ஓடும் ஒருவருக்குப் பேசிக்கொண்டே துணை ஓட, நம் நாட்டின் தேசிய சாதனையாளரே திணறுவார். அந்த அளவு வேகமுள்ள பெண் இருந்தால், அவர் தன் சொந்தப் பதக்கத்துக்காக ஓடிக்கொண்டிருப்பார். எனவே கல்லூரி அளவில் ஓடிய ஆண்களைத் தேடுகிறார்கள். அவர்களும் எளிதில் கிடைப்பதில்லை. காலை ஐந்தரை மணிக்கு மைதானத்துக்கு வர ஒப்புக்கொண்டு மூன்றே நாளில் மறைந்தவர்களின் பட்டியலை அந்தப் பெண் எனக்குச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

உண்மையில், வழிகாட்டியால் கிடைக்கும் ஆதாயத்தைவிட அவரால் நேரும் இடர்தான் பெரிது என்பது என் கருத்து. டோக்கியோ பாராலிம்பிக்கின் 100 மீட்டர் இறுதியில் ஜெருசாவையும் அவருடைய வழிகாட்டியையும் இணைத்த கயிறு ஓட்டத்தின் நடுவே அறுந்தது. அவர் தகுதிநீக்கம் பெற்றார். 2012 லண்டனில் 400 மீட்டர் இறுதியில் தெரெசின்யா கில்யெர்மினாவின் வழிகாட்டி கில்யெர்மே சந்தானா கீழே விழுந்தார். அவர் விழுந்ததும் தெரெசின்யாவும் தடத்தில் படுத்துக்கொண்டார். அதே ஜோடி 100 மீட்டரில் 12.01 வினாடிகளில் தங்கம் வென்றது என்பது தனிக் கதை. ஓடுபவர் எவ்வளவு தயாராக இருந்தாலும், இன்னொருவரின் தொடைத் தசை பிடித்துக்கொண்டால் அவருடைய நான்கு ஆண்டுகளும் போய்விடும். வழிகாட்டிக்கும் பதக்கம் அணிவிப்பது இதனால் எனக்கு நியாயமாகவே படுகிறது.

என் கதை அவ்வளவு பெரிதல்ல. ஒன்றரை ஆண்டில் அவர் 15 வினாடிகளிலிருந்து 13.6-க்கு வந்தார், எனக்கோ வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. ஒரு நாள் எண்பது மீட்டரில் “கோடு” என்று சொல்ல எனக்கு மூச்சு வரவில்லை. கயிறு மறுபடியும் இறுகியது, ஆனால் இம்முறை பின்னாலிருந்து. இப்போது அவருடன் ஓடுவது கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன். நான் கோட்டருகே ஸ்டாப்வாட்சுடன் நிற்கிறேன்.