டீமெயா பாபோஷ்: கேட்டதற்கும் கேட்காததற்கும் பதில்

ஹங்கேரி டென்னிஸ் வீராங்கனை டீமெயா பாபோஷ் பற்றிப் போன வாரம் நாலு வரி எழுதினேன், அதற்கு இத்தனை கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. ஞாயிறு காலை ஆட்டத்தை முடித்துவிட்டு, முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முடிந்தவரை பதில் சொல்கிறேன். பெட்டிங் பற்றிக் கேட்டால் பதில் கிடையாது.

புதுவாசகன்: அக்கா, யார் இவர்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1993-இல் ஷோப்ரோன் என்ற ஊரில் பிறந்தவர், ஆஸ்திரிய எல்லையை ஒட்டிய ஊர். ஜூனியராக இருந்தபோதே 2010-இல் அமெரிக்காவின் ஸ்லோன் ஸ்டீபன்ஸோடு சேர்ந்து பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன், யுஎஸ் ஓபன் மூன்றிலும் சிறுமியர் இரட்டையர் பட்டம் வாங்கியவர். பெரியவர்கள் ஆட்டத்துக்கு வந்த பிறகு மகளிர் இரட்டையரில் நான்கு கிராண்ட்ஸ்லாம் (டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளுக்கு அந்தப் பெயர்): ஆஸ்திரேலிய ஓபன் 2018, 2020, பாரிஸில் நடக்கும் பிரெஞ்சு ஓபன் 2019, 2020. நான்கும் பிரான்ஸின் கிறிஸ்டினா மிளாடெனோவிச்சோடு. 2018 ஜூலையில் இரட்டையரில் உலக நம்பர் 1. அந்த இடத்துக்கு வந்த முதல் ஹங்கேரியர் இவர்தான்.

மலைக்கோட்டை: பேப்பரில் பாபோஸ் என்று போடுகிறார்கள், நீங்கள் பாபோஷ் என்கிறீர்களே?

ஹங்கேரி மொழியில் தனி s வந்தால் 'ஷ்', sz வந்தால்தான் 'ஸ்'. அதனால் பாபோஷ். அவர்கள் ஊரில் குடும்பப் பெயரை முன்னால் வைத்து 'பாபோஷ் டீமெயா' என்பார்கள். நம் இனிஷியல் முன்னால் நிற்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிபெஞ்ச்: மோனிகா செலஸும் ஹங்கேரிதானே?

இனத்தால் ஹங்கேரியர், பிறந்தது அன்றைய யூகோஸ்லாவியாவின் நோவி சாத் நகரில். ஆடியது முதலில் யூகோஸ்லாவியாவுக்கு, பிறகு அமெரிக்காவுக்கு. ஹங்கேரிக் குடியுரிமை வாங்கியது 2007-இல். ஹங்கேரிக்காக ஆடி ஒற்றையர் கிராண்ட்ஸ்லாம் வென்ற பெண் ஒருவர்தான், 1958-இல் பிரெஞ்சு பட்டம் வென்ற ஷூஷா கெர்மெட்சி. செலஸ் பற்றி இனி யாரும் கேட்க வேண்டாம்.

பந்துபொறுக்கி: ஒற்றையரில் ஒன்றுமே சாதிக்கவில்லையா?

யார் சொன்னது? 2012-இல் 18 வயதில் மான்டரே பட்டம், 2017-இல் சொந்த மண்ணில் புடாபெஸ்ட் பட்டம், 2018-இல் தைபே. 2016 செப்டம்பரில் 25-ஆம் இடம் வரை வந்தார். நல்ல உயரம், சர்வீஸ் பலமாக விழும், ஃபோர்ஹேண்ட் தட்டையாகச் சீறும். பக்கவாட்டில் ஓடவிட்டால்தான் பாடு. கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் மூன்றாம் சுற்றைத் தாண்டியதில்லை என்பதும் உண்மை. 2016 யுஎஸ் ஓபனில் ருமேனியாவின் ஹாலெப்பை மூன்றாவது செட் வரை இழுத்து 4-6 என்று தோற்றார்.

சும்மாபார்ப்பவன்: அந்த வாழைப்பழ மேட்ச் இவருடையதா?

ஆமாம். 2018 ஆஸ்திரேலிய ஓபன் முதல் சுற்று, எதிரில் பத்தாம் நிலை வீராங்கனை கோகோ வாண்டவே. முதல் செட் டைபிரேக்கில் (6-6 ஆனால் செட்டை முடிக்க ஆடுவது) போன பிறகு, கோர்ட்டில் வாழைப்பழம் வைக்கவில்லை என்று வாண்டவே நடுவரிடம் மல்லுக்கு நின்றார். ஆட்டத்தைத் தாமதப்படுத்தியதாக எச்சரிக்கையும் வாங்கினார். பாபோஷ் 7-6, 6-2 என்று வென்றார். இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் அடுத்ததையும் கேளுங்கள்: அதே ஆண்டு யுஎஸ் ஓபன் இரட்டையர் இறுதியில் பாபோஷ் ஜோடி மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்டை, அதாவது இன்னும் ஒரே பாயிண்ட் எடுத்தால் கோப்பை என்ற வாய்ப்பை மூன்று முறை, கோட்டைவிட்டுத் தோற்றது. எதிரில் ஆஷ்லி பார்ட்டி, பக்கத்தில் அதே வாண்டவே.

மலைக்கோட்டை: 2020-இல் யுஎஸ் ஓபனிலிருந்து துரத்தப்பட்டார்களே, கொரோனா வந்ததா?

வரவில்லை, பாபோஷுக்கும் இல்லை மிளாடெனோவிச்சுக்கும் இல்லை. இது பலருக்கும் தெரியாத கதை, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

போட்டி தொடங்கும் முன்பே பெனுவா பேர் (Benoît Paire) என்ற பிரான்ஸ் வீரருக்குத் தொற்று உறுதியாகி விலக்கப்பட்டார். அவரோடு பழகியவர்கள் பட்டியலில் மிளாடெனோவிச்சும் இருந்தார். அறையை விட்டு வெளியே வரக் கட்டுப்பாடு, ஓயாமல் பரிசோதனை, ஆனால் ஆடலாம் என்று அனுமதித்தார்கள். ஆடினார். ஒற்றையர் இரண்டாம் சுற்றில் 6-1, 5-1 என்று முன்னிலையில் இருந்து அந்த ஆட்டத்தைத் தோற்றார் என்றால், மனநிலை எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரட்டையரில் இவர்கள்தான் முதல் நிலை ஜோடி, முதல் சுற்றை வென்றுவிட்டார்கள். இரண்டாம் சுற்று அன்று நாசோ மாவட்டச் சுகாதாரத் துறை குறுக்கே வந்தது. வீரர்கள் தங்கிய ஹோட்டல் நாசோ மாவட்டத்தில், மைதானம் நியூயார்க் நகரத்தின் குயின்ஸில். தனிமைப்படுத்தப்பட்டவர் மாவட்ட எல்லை தாண்டக் கூடாது என்று உத்தரவு. அதற்கு முந்தின நாள் அதே பட்டியலில் இருந்த இன்னொரு பிரான்ஸ் வீரர் மன்னரினோ, தாமதமானாலும் தன் ஆட்டத்தை ஆடி முடித்திருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாபோஷ் மேல் ஒரு தடையும் இல்லை. ஆனால் போட்டி தொடங்கிவிட்டால் ஜோடியை மாற்ற முடியாது, ஒருவர் வெளியே என்றால் இருவரும் வெளியே. மட்டையைப் பையில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். இது நடந்தது செப்டம்பர் 5. அந்த ஆண்டு பிரெஞ்சு ஓபனும் இலையுதிர் காலத்துக்குத் தள்ளிப்போயிருந்தது. அக்டோபர் 11 அன்று பாரிஸில் இதே இரண்டு பேர் அலெக்சா குவாராச்சி, டெசிரே கிராவ்சிக் ஜோடியை 6-4, 7-5 என்று வென்று கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டார்கள். இடையில் ஐந்தே வாரம்.

ஏஸ்மன்னன்: அக்கா, லைவ் மேட்சில் யார் மேல் பணம் கட்டலாம்?

முதல் பத்தியைப் படியுங்கள்.

புதுவாசகன்: ஜோடியாக ஜெயித்தால் இரண்டு பேரும்தானே நம்பர் 1? பாபோஷ் மட்டும் எப்படி?

நல்ல கேள்வி. இரட்டையர் தரவரிசை ஆளுக்குத் தனி, ஜோடிக்கு அல்ல. 2017-இல் பாபோஷ் பெரும்பாலும் செக் வீராங்கனை ஹிலாவச்கோவாவோடு ஆடினார், சிங்கப்பூரில் ஆண்டிறுதிப் பட்டமும் அவரோடுதான். அந்தப் புள்ளிகளும் கணக்கில் இருந்ததால் 2018 ஜூலையில் பாபோஷ் மட்டும் உச்சிக்குப் போனார். மிளாடெனோவிச் நம்பர் 1 ஆனது 2019 பிரெஞ்சு ஓபனுக்குப் பிறகு. ஒற்றையர் பட்டியலையும் இரட்டையர் பட்டியலையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள், போன வாரம் மட்டும் மூன்று பேருக்குச் சொல்லிவிட்டேன்.

டியூஸ்மாமா: ஏம்மா, சுற்றி வளைக்காமல் சொல்லு. ஒற்றையரில் தேறாதவர்கள் ஒதுங்குகிற இடம்தானே இரட்டையர்? இதில் நம்பர் 1 என்றால் என்ன, நம்பர் 10 என்றால் என்ன?

வாருங்கள் மாமா, உங்களைத்தான் எதிர்பார்த்தேன்.

2024 ஜனவரியில் ரோஹன் போபண்ணா 43 வயதில் இரட்டையர் நம்பர் 1 ஆனார், ஆஸ்திரேலிய ஓபனும் வென்றார். நாம் எல்லோரும் கொண்டாடினோம், சரிதானே? ஒற்றையரில் அவருடைய உச்சம் 213-ஆம் இடம். பாபோஷுடையது 25. அவர் சாதனையாளர், இவர் தேறாதவரா? அந்த போபண்ணாவே 2018-இல் மெல்போர்னில், ஆஸ்திரேலிய ஓபனில், பாபோஷோடு சேர்ந்துதான் கலப்பு இரட்டையர் இறுதிவரை வந்தார், 11-9 என்ற டைபிரேக்கில் கோப்பை தப்பிப்போனது. இரண்டு நாள் முன்பு அதே ஊரில் பாபோஷ் தன் முதல் கிராண்ட்ஸ்லாமை வாங்கியிருந்தார்.

டியூஸ்மாமா: போபண்ணாவை இழுக்காதே. 2016 விம்பிள்டனில் செரினா மத்தியானம் ஒற்றையர் இறுதியை முடித்துவிட்டு, அன்றைக்கே அக்காவோடு வந்து இரட்டையர் இறுதியையும் ஆடினார். எதிரில் நின்றது உங்கள் பாபோஷும் ஷ்வெடோவாவும். 6-3, 6-4. ஸ்பெஷலிஸ்ட் என்ன செய்தார்?

இது அடி. ஒப்புக்கொள்கிறேன். வில்லியம்ஸ் சகோதரிகள் கிராண்ட்ஸ்லாம் இரட்டையர் இறுதிக்கு 14 முறை வந்தார்கள், 14 முறையும் ஜெயித்தார்கள். அவர்களிடம் தோற்றவர்கள் பட்டியலில் பாபோஷும் ஒருவர். ஆனால் செரினாவால் முடிந்தது என்பதால் ஆட்டம் எளிது என்று ஆகிவிடுமா?

பந்துபொறுக்கி: மாமா சொல்வதில் நியாயம் இருக்கிறது அக்கா. காசிலேயே தெரிகிறதே.

காசு சொல்வது வேறு கதை. 2018 ஆஸ்திரேலிய ஓபனில் ஒற்றையர் சாம்பியனுக்கு 40 லட்சம் ஆஸ்திரேலிய டாலர், இரட்டையரில் ஜெயித்த ஜோடிக்கு இருவருக்கும் சேர்த்து ஏழரை லட்சம். டிக்கெட் எதற்கு விற்கிறது என்பதற்குத்தான் அது அளவு. திறமைக்கு அளவு என்று யார் சொன்னது?

என் விஷயம் ஒன்று சொல்கிறேன். நான் இருபது வயதில் ஒற்றையர் ஆடிப் பழகியவள், கால் இருந்தது, மூச்சு இருந்தது. எங்கள் கோர்ட்டில் வங்கியில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருந்தார், அறுபது தாண்டியவர், ஓடவே மாட்டார். அவர் எந்தப் பக்கம் நின்றாலும் அந்தப் பக்கம்தான் ஜெயிக்கும். ஒருநாள் நான் ரிட்டர்ன் ஆட நிற்கிறேன், அவர் எதிரே நெட் அருகில். பந்து என் மட்டையில் படும் முன்பே அரை அடி இடப்பக்கம் நகர்ந்தார், அவ்வளவுதான். அந்த அரை அடியைக் கண் ஓரத்தில் பார்த்து நான் பந்தை லைனை ஒட்டி அடிக்கப்போய் வெளியே அடித்தேன். அவர் பந்தைத் தொடவே இல்லை, பாயிண்ட் அவருடையது. ஸ்கோர் கார்டில் அது என் தவறு என்றுதான் விழும்.

மிளாடெனோவிச் நெட்டில் செய்தது அதைத்தான், நூறு மடங்கு வேகத்தில். பாபோஷ் பின்னாலிருந்து உடம்பை நோக்கி சர்வீஸ் போடுவார், எதிராளிக்குக் கை விரிக்க இடம் இருக்காது, திரும்பி வரும் பந்து கோர்ட்டின் நடுவில்தான் மிதக்கும், அங்கே ஏற்கெனவே ஒருத்தி வந்து நிற்பாள். டிவியில் பார்ப்பவருக்கு மிளாடெனோவிச்சின் வாலி (பந்து தரையில் படும் முன்பே அடிக்கிற அடி) தெரியும். அதைச் சம்பாதித்துக் கொடுத்த சர்வீஸ் தெரியாது. அதனால்தான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்: இரட்டையரில் பந்தைப் பார்க்காதீர்கள், பந்து இல்லாத ஆளைப் பாருங்கள். ஹைலைட்ஸ் பார்த்து எடை போடாதீர்கள், அதில் அந்த அரை அடி வராது.

ஏஸ்மன்னன்: எந்த மட்டை வாங்கலாம் அக்கா? பட்ஜெட் 8000.

உங்கள் கோச்சைக் கேளுங்கள். உங்கள் தோளை நான் பார்த்ததில்லை.

மலைக்கோட்டை: சாவாய் என்று ஒருவர் இருந்தாரே? அவர் இன்னும் பெரிய ஆளாக வந்திருக்க வேண்டியவர் இல்லையா?

ஆக்னேஷ் சாவாய், அவரும் ஹங்கேரிதான். 2007-இல் பதினெட்டு வயதில் யுஎஸ் ஓபன் காலிறுதி, அதே மாதம் பெய்ஜிங்கில் யான்கோவிச்சை வென்று பட்டம், அடுத்த ஆண்டு ஏப்ரலில் 13-ஆம் இடம். முதுகு விடவில்லை. 2013-இல் 24 வயதில் ஓய்வு. ஒற்றையர் திறமையில் பாபோஷுக்கு மேலே என்பது என் கருத்து. அதற்கும் முன்னால் ஆண்ட்ரியா டெமெஷ்வாரி, 1986-இல் நவ்ராட்டிலோவாவோடு பிரெஞ்சு இரட்டையர் பட்டம் வென்றவர். அவரும் காயத்தால் நொந்தவர்தான். அவருக்குப் பிறகு ஹங்கேரிப் பெண் ஒருவர் கிராண்ட்ஸ்லாம் இரட்டையர் கோப்பையைத் தூக்க 2018 வரை ஆனது.

சும்மாபார்ப்பவன்: செலஸ் ஹங்கேரிக்கு ஆடியிருந்தால்...

வேண்டாம்.

பந்துபொறுக்கி: நம் ஆட்கள் இவரோடு மோதியிருக்கிறார்களா?

2015 விம்பிள்டன் கலப்பு இரட்டையர் இறுதி ஞாபகம் இருக்கிறதா? பயஸும் ஹிங்கிஸும் 6-1, 6-1 என்று நாற்பது நிமிடத்தில் முடித்தார்கள். நாம் கை தட்டினோம். எதிரே ஆஸ்திரியாவின் பேயாவோடு நின்றவர் பாபோஷ். நம்மில் பலர் அவர் முகத்தை முதலில் பார்த்தது அன்றைக்குத்தான், பெயரைக் கவனிக்கவில்லை.

புதுவாசகன்: இப்போது ஆடுகிறாரா?

மிளாடெனோவிச்சோடு ஆடிய காலம் முடிந்த பிறகு சில ஆண்டுகள் மந்தமாகப் போயின. 2025-இல் பிரேசிலின் லூயிசா ஸ்டெஃபானியோடு சேர்ந்து திரும்பவும் ரியாத்தில் ஆண்டிறுதிப் போட்டியின் இறுதிவரை வந்தார், அங்கே குடெர்மெட்டோவா - மெர்ட்டென்ஸ் ஜோடியிடம் தோல்வி. ஸ்டெஃபானியைச் சென்னைக்காரர்கள் பார்த்திருப்பீர்கள், 2022-இல் நுங்கம்பாக்கத்தில் டப்ரவுஸ்கியோடு இரட்டையர் பட்டம் வாங்கியவர். அந்த டப்ரவுஸ்கிதான் 2018-இல் போபண்ணா - பாபோஷ் கோப்பையைத் தட்டிப் பறித்த ஜோடியில் ஒருவர். இரட்டையர் உலகம் ஒரே தெருதான், எல்லாரும் எல்லாரோடும் ஒருமுறை குடியிருந்தவர்கள்.

டியூஸ்மாமா: சரிம்மா, விட்டுக்கொடுத்தேன் என்று நினைக்காதே. பார்க்கச் சொல்கிறாயே, எந்த மேட்சைப் பார்ப்பது?

ஜெயித்ததை அல்ல மாமா, தோற்றதைப் பாருங்கள். 2018 யுஎஸ் ஓபன் இறுதி, 6-3 என்று முதல் செட்டை எடுத்துவிட்டு அடுத்த இரண்டையும் டைபிரேக்கில் விட்டது. முதல் தடவை உங்கள் இஷ்டத்துக்குப் பாருங்கள். இரண்டாம் தடவை பாபோஷ் சர்வீஸ் போடும்போது மிளாடெனோவிச்சின் காலை மட்டும், மிளாடெனோவிச் போடும்போது பாபோஷின் காலை மட்டும். பார்த்துவிட்டு வந்து திட்டுங்கள், அடுத்த ஞாயிறும் இங்கேதான் இருப்பேன்.

கடைசிபெஞ்ச்: அக்கா, செலஸுக்கும் பாபோஷுக்கும் உறவு ஏதாவது...

ஐஸ் உருகிவிட்டது. கிளம்புகிறேன்.